பள்ளிப் பிரவேசமும் சாதிச் சான்றும்

பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியாகி, விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள மேல்நிலைப் பள்ளிகளில் பதினோராம் வகுப்புச் சேர்க்கை தொடங்கும் நாட்களில், ‘ஃபர்ஸ்ட் குரூப்’ என்று ஊரார் அழைக்கும் கணித அறிவியல் பிரிவின் சொற்ப இடங்களுக்கு விண்ணப்பங்கள் குவிந்துவிடுகின்றன. மதிப்பெண் ஒன்றையே பார்த்து அவ்விடங்களை நிரப்பிவிடுவது எளிது. ஆயினும், ஒரு பிள்ளை எந்த நிலைமையிலிருந்து அந்த மதிப்பெண்ணைப் பெற்று வந்தது என்பதையும் சேர்த்தே சீர்தூக்க வேண்டும் என்னும் கொள்கை நம் ராஜ்யத்தில் வெகுகாலமாக வேரூன்றியிருப்பதால், அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் அச்சேர்க்கை இட ஒதுக்கீட்டு விகிதப்படியே நடைபெற வேண்டும் என்பது விதியாகியிருக்கிறது. அக்கொள்கையின் சரித்திரத்தில் இவ்வட்டாரத்துக்குள்ள பங்கு பெரிது. அதில் இன்றும் தீராதிருக்கும் குறை ஒன்றும் இங்கேயே இருக்கிறது.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895-ஆம் ஆண்டு பிறந்து, திண்டிவனம் வால்டர் ஸ்கடர் பள்ளியில் பயின்ற ஓ. பி. இராமசாமி ரெட்டியார், 1947 மார்ச்சு முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்தார். அதற்கு முன்பிருந்த வகுப்புவாரி இட ஒதுக்கீட்டு முறையில் பிராமணரல்லாத இந்துக்கள் எல்லோரும் ஒரே தொகுதியாக வைக்கப்பட்டிருந்தமையால், நிலபுலமும் கல்வியும் உடையோர் அந்தப் பங்கைப் பெற்றுக்கொள்ள, உழுது பிழைத்தோர் வெளியே நின்றனர். அவருடைய காலத்தில், 1947-இல், அம்முறை திருத்தப்பட்டு, பதினான்கு இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்குத் தனியே 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறிஸ்தவருக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1 என்று வகுக்கப்பட்டது. ‘பிற்பட்டோர்’ என்ற தனிப் பகுப்புக்கு இரண்டே இடங்கள் கிடைத்தன எனினும், பொதுவான பங்குக்குள்ளேயே பின்தங்கியோர் உண்டு என்பதை அரசாங்கம் ஒப்புக்கொண்டது பெரிய காரியம் என்றே நான் கருதுகிறேன்.

செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு இந்த வகுப்புவாரி உத்தரவைச் செல்லாததாக்கியதும், அவ்வாண்டு ஜூன் மாதமே அரசியல் சட்டத்தின் முதலாவது திருத்தம் வந்து, கல்வியில் பின்தங்கியோருக்கு விசேஷ ஏற்பாடு செய்ய வழி பிறந்ததும் நாடறிந்த செய்தி. பின்னர், பிற்பட்டோர் பட்டியலுக்குள்ளும் மேலோர் கீழோர் உண்டு என்ற குரல் இதே வட்டாரத்திலிருந்துதான் பலமாக எழுந்தது. 1987 செப்டம்பர் 17-ஆம் நாள் தொடங்கி ஒரு வாரம், திண்டிவனம் டாக்டர் ச. இராமதாசின் தலைமையில் வன்னியர் சங்கம் சாலை மறியல் நடத்தியபோது, சென்னையிலிருந்து திருச்சி செல்லும் பெருவழி ஸ்தம்பித்தது. 21 பேர் உயிரிழந்தனர். 1989-இல் மிகப் பிற்பட்டோருக்கு 20 சதவீதம் தனியே பிரிக்கப்பட்டது. இன்று ஒரு பிள்ளை மேல்நிலைப் பள்ளியின் பலகையில் ‘எம்.பி.சி.’ என்ற தலைப்பின்கீழ்த் தன் பெயரைக் காண்பதற்கு அந்த மறியல் வாரத்தில் கொடுக்கப்பட்ட விலை அவ்வுயிர்கள்.

எண்ணிக்கைப் பலமும் தலைவர்களும் உள்ள சமூகங்கள் தம் நிலைமையை எடுத்துரைத்து நியாயம் பெற்ற வரலாறு இது. அவ்விரண்டும் இல்லாதவர் கதை வேறு. பிரான்சிஸ் என்பவர் தொகுத்து 1906-இல் வெளிவந்த தென்னார்க்காடு ஜில்லா கெஜட்டியர், செஞ்சி மலைகளைச் சுற்றி இருளர் என்னும் பழங்குடியினர் வாழ்வதையும், ஓரிடத்தில் இரண்டு மூன்று குடிசைகளுக்கு மேல் அவர்கள் கட்டுவதில்லை என்பதையும் குறித்திருக்கிறது. இன்றும் ஏரிக்கரைகளிலும் புறம்போக்குகளிலும் சிதறியிருந்து, செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போய்விடும் அவர்களுக்குப் பட்டா ஏது, தகப்பனார் படித்த பள்ளியின் சான்று ஏது? கர்ணமும் மணியமும் இருந்த காலத்தில் அவர்கள் கணக்கில் ஏறவில்லை. 1980-இல் அப்பதவிகள் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர் வந்த பிறகும், ஊருக்கு வெளியே இருந்தவரை ஊர்க்கணக்கு எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை.

இங்கேதான் நெஞ்சை வருத்தும் ஒரு பொருத்தத்தைக் காண்கிறோம். பழங்குடியினருக்கென்று நம் ராஜ்யத்தில் 1 சதவீதம் தனியே ஒதுக்கப்பட்டது 1990-இல். அதற்குச் சில மாதங்கள் முன்னதாக, 1989 நவம்பரில், பழங்குடிச் சான்று வழங்கும் அதிகாரம் தாசில்தாரிடமிருந்து எடுக்கப்பட்டு, வருவாய்க் கோட்டாட்சியரிடமும் சார் ஆட்சியரிடமும் சேர்ந்துவிட்டது. போலிச் சான்றுகள் பெருகியமையால் அந்தக் கண்டிப்பு தேவைப்பட்டது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இடம் பிறந்த வேளையிலேயே அதை அடையும் வழியும் நீண்டது. மேல்மலையனூர்ப் பக்கத்துத் தகப்பன் ஒருவன், பக்கத்துத் தாலுகா கச்சேரியோடு முடிந்திருக்க வேண்டிய காரியத்துக்காக, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுச் செஞ்சி வழியாகப் பஸ் ஏறித் திண்டிவனம் சார் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு வரவேண்டியதாயிற்று. விசாரணைக்கு மறுபடியும் வரவேண்டியதாயிற்று.

அவ்விசாரணையின் தன்மையையும் சொல்ல வேண்டும். பள்ளி, கல்லூரிப் பிரவேசத்துக்காகப் பொய்யாகப் பழங்குடி என்று சொல்லிக்கொள்வோரைத் தடுக்கும் பொருட்டு, மாதுரி பாட்டீல் வழக்கில் 1994 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டு வகுத்த நெறிமுறை, குலதெய்வம், சடங்கு, திருமண முறை, ஈமக்கிரியை ஆகியவற்றையும் ஆராயச் சொன்னது. மும்பைப் பக்கத்துப் பொய்யர்க்காகப் பிறந்த அந்த வலையில், கன்னியம்மனைக் கும்பிட்டுக்கொண்டு செங்கல் அறுக்கும் உண்மையான இருளர் வீட்டுப் பிள்ளை அகப்பட்டுக்கொண்டது. பாம்பும் எலியும் பிடிப்பதை விட்டுப் பள்ளிக்கு வந்த பிள்ளையிடம் பழைய வழக்கங்களின் அடையாளத்தைக் கேட்பது, படிப்பு கொடுத்த மாறுதலையே அப்பிள்ளைக்கு விரோதமான சாட்சியாக்குவதாகும். இத்தகைய ஒப்புமைச் சோதனையே முடிவான உரைகல் ஆகாது என்று 2023 மார்ச்சில் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தும்வரை கழிந்த காலம் இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல். ஒரு தலைமுறையின் பள்ளிப் பருவம் அதற்குள் முடிந்துபோயிற்று.

திண்டிவனத்தில் அரசுக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த பிரபா கல்விமணி, பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வாயிலாக இச்சான்றுகளுக்காக ஆண்டுக்கணக்கில் மனுப்போட்டு நடந்ததும், ரோசனையில் தாய்த்தமிழ்ப் பள்ளி கண்டதும் இவ்வட்டாரக் கல்விச் சரித்திரத்தில் பொன்னெழுத்தில் பொறிக்கத் தக்கவை. இரண்டையும் ஒரே மனிதர் செய்யவேண்டியிருந்தது என்பதே, பள்ளியும் சான்றும் எவ்வளவு பிணைந்தவை என்பதைக் காட்டும்.

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம், வயதுச் சான்று இல்லை என்ற காரணத்தால் எந்தக் குழந்தைக்கும் பிரவேசம் மறுக்கலாகாது என்று தன் 14-ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. எட்டாம் வகுப்போடு நின்றுவிடும் அந்த நியாயத்தைப் பதினோராம் வகுப்புக்கும், வயதோடு நின்றுவிடும் அதனைச் சாதிச் சான்றுக்கும் நீட்டித்து, மனுக் கொடுத்த ரசீதைக் காட்டும் இருளர் பிள்ளைக்கு அந்த இடத்தைத் தற்காலிகமாகவேனும் கொடுத்துவிட்டு விசாரணையை அப்புறம் நடத்தும்படி, கல்வித் துறையையும், விழுப்புரம் மாவட்டத் தலைமையாசிரியர்களையும் பணிவோடு வேண்டுகிறேன்.