சவதார் குளத்து வழக்கு, 1927–1937

கொங்கணத்தில், அன்றைய கொலாபா மாவட்டத்தைச் சேர்ந்த மகாட் ஊரில் சவதார் குளம் உள்ளது. நான்கு பக்கமும் நகராட்சித் தெருக்கள். தெருக்களை அடுத்துச் சாதி இந்துக்களின் வீடுகள். அந்த வீட்டுக்காரர்களில் பலருக்குக் கரையோரம் துண்டு நிலங்களும் சொந்தப் படித்துறைகளும் இருந்தன. முஸ்லிம்கள் அங்கே நீர் எடுத்தார்கள். தீண்டப்படாதோர் எனப்பட்ட மக்களுக்கு மட்டும் படியில் இறங்கத் தடை.

பொது இடங்களில் அனைவருக்கும் உரிமை என்பதைச் சட்டசபைகள் 1920களில் பேசத் தொடங்கியிருந்தன. பொதுப்பணத்தில் அமைந்த நீர்நிலைகளும் சத்திரங்களும் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று எஸ். கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தைப் பம்பாய் சட்டசபை 1923 ஆகஸ்டில் ஏற்றது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் ஆகியவற்றுக்கு இதே உரிமையைத் தீர்மானமாக்கினார். வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய சாலைகளுக்கான சத்தியாகிரகம் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. மகாட் நகராட்சியும் 1924 ஜனவரியில் குளத்தைத் திறந்துவிட்டதாக முடிவெடுத்தது. ஆனால் தீர்மானம் ஏட்டில்தான் இருந்தது. ஒருவரும் படி இறங்க முடியவில்லை.

1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் மகாடில் கூடிய மாநாட்டின் பந்தலிலிருந்து ஊர்வலமாகச் சென்று அந்த நீரைக் குடித்தார்கள். திரும்பும் வழியில் அவர்கள் தாக்கப்பட்டார்கள். பிறகு பஞ்சகவ்யம் ஊற்றிக் குளத்துக்குத் 'தீட்டுக் கழிப்பு' நடந்தது. ஆகஸ்டில் நகராட்சி தன் முடிவையே திரும்பப் பெற்றுக்கொண்டது.

டிசம்பரில் இரண்டாம் சத்தியாகிரகம் அறிவிக்கப்பட்டதும் சாதி இந்துக்கள் நீதிமன்றம் போனார்கள். குளம் தனியாருடையது, தீண்டப்படாதோரை விலக்கும் பாத்தியதை தங்களுக்குத் தொன்றுதொட்டு உண்டு என்பது அவர்கள் வாதம். இடைக்காலத் தடையாணை கிடைத்தது. வழக்கறிஞரான அம்பேத்கர் தடையாணையை மீறவில்லை, சத்தியாகிரகத்தைத் தள்ளிவைத்தார். சத்தியாகிரகத்துக்காகக் கூடிய மாநாட்டில், டிசம்பர் 25 அன்று, மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. ஆத்திரம் கொதித்த கூட்டத்தைக் குளக்கரைக்கு விடாமல் வழக்கை நடத்துவது என்ற இந்த முடிவு மகாட் வரலாற்றில் உரிய கவனம் பெறவில்லை. பொது உரிமை எது என்பதை நீதிமன்றமே எழுதித்தர நேர்ந்தது அதனால்தான்.

மகாட் நீதிமன்றம் 1931 ஜூனில் வழக்கைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீடு தாணே மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்து 1933 ஜனவரியில் தோற்றது. வாதிகள் பம்பாய் உயர் நீதிமன்றம் சென்றனர். 1937 மார்ச் 17 அன்று நீதிபதி புரூம்ஃபீல்ட் வழங்கிய தீர்ப்பு அங்கும் அவர்களுக்கு எதிராகவே அமைந்தது.

குளம் நகராட்சியைச் சேர்ந்தது என்பது கீழ் நீதிமன்றங்களிலேயே முடிவாகியிருந்தது. மிஞ்சியது வழக்காறு பற்றிய கேள்வி. குளம் குறைந்தது 250 ஆண்டுப் பழமையானது. அதை வெட்டியவர் யார் என்பதற்குச் சான்றில்லை. தீண்டப்படாதோர் அதில் நீர் எடுத்ததில்லை என்று சாட்சிகள் சொன்னார்கள். அந்த நடைமுறை உண்மையாகவே இருந்தாலும், அது நினைவுக்கெட்டாத காலந்தொட்டு வந்த உரிமை என்பதை நிரூபிக்க அது போதாது என்றது நீதிமன்றம். கோயிலில் நெடுங்கால வழக்கத்துக்குப் பின்னால் ஏதோ ஒரு சட்டபூர்வத் தொடக்கத்தை ஊகிக்க இடமுண்டு. கட்டுப்பாடில்லாமல் மக்கள் புழங்கிய குளத்துக்கு அந்த ஊகம் பொருந்தாது.

தீர்ப்பின் வரம்பையும் சொல்லியாக வேண்டும். அப்படி ஒரு வழக்காறு நிரூபணமாகியிருந்தால் அது நியாயமானதா, பொதுக்கொள்கைக்கு முரணானதா என்பதை ஆராய நேர்ந்திருக்கலாம் என்று மட்டும் நீதிமன்றம் குறிப்பிட்டது. அதாவது, வாதிகள் சான்றில்லாமல் தோற்றார்கள். விலக்குவதே தவறு என்று தீர்ப்பு சொல்லவில்லை. அந்தக் குறையை 1950இல் அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு நீக்கியது. அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் அல்லது பொதுமக்கள் பயனுக்கு விடப்பட்ட கிணறு, குளம், படித்துறை, சாலை எதிலும் சாதியைக் காட்டி எவரையும் தடுக்கக் கூடாது என்று அது விதிக்கிறது. தடுப்பவருக்குத் தண்டனை 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டத்தில் வந்தது.