இங்கிலாந்தின் உள்ளாட்சிச் சாலைகளும் வீட்டு வண்டிப்பாதைகளும்

இங்கிலாந்தில் வீட்டு வாசலை ஒட்டிய தெருவைப் போடுவது யார், பழுது பார்ப்பது யார், அந்தத் தெருவிலிருந்து வீட்டுக்குள் காரை ஏற்ற யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதையெல்லாம் பெரும்பாலும் 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் தீர்மானிக்கிறது. பெயர்தான் நெடுஞ்சாலைச் சட்டம். பொதுமக்கள் உரிமையோடு நடக்கும் ஒற்றையடிப் பாதைகூட அதற்குள் அடக்கம். மோட்டார்வேக்களும் முதன்மையான பெருஞ்சாலைகளும் அரசுக்குச் சொந்தமான ‘நேஷனல் ஹைவேஸ்’ நிறுவனத்தின் பொறுப்பு. நீளக் கணக்கில் அவை நாட்டின் சாலைகளில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான். மற்றதெல்லாம் உள்ளாட்சி மன்றங்களின் தலையில்.

எந்த மன்றம் என்பதில் புதிதாகக் குடியேறியவர்கள் மட்டுமல்ல, உள்ளூர்க்காரர்களும் குழம்புவதுண்டு. கவுண்டி மன்றம், மாவட்ட மன்றம் என இரண்டு அடுக்குகள் உள்ள பகுதிகளில் சாலை கவுண்டியின் பொறுப்பு, குப்பை அள்ளுவது மாவட்டத்தின் பொறுப்பு. ஒற்றை அடுக்கு மன்றங்களிலும் லண்டனின் பரோக்களிலும் இரண்டும் ஒரே கூரையின் கீழ் வந்துவிடும். லண்டனில் ‘சிவப்புத் தடங்கள்’ எனப்படும் முக்கியச் சாலைகள் மட்டும் நகரப் போக்குவரத்து அமைப்பிடம் இருக்கின்றன. மிகச் சிறிய அமைப்பான பாரிஷ் மன்றத்துக்கு நடைபாதை, தெருவிளக்கு, பெஞ்சு என்ற அளவில்தான் அதிகாரம். ஒரு காலத்தில் நாட்டின் சாலைகள் முழுவதையும் சுமந்தது பாரிஷ்தான் என்பதை நினைத்தால் இது விசித்திரமாகப் படும்.

ஊரார் கடமை

1555ஆம் ஆண்டின் சட்டம் ஒவ்வொரு பாரிஷும் தன் எல்லைக்குள் ஓடும் சாலைகளைத் தானே செப்பனிட வேண்டும் என்றது. குடும்பத் தலைவர்கள் ஆண்டுக்கு 4 நாள் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். நிலம் உள்ளவர்கள் வண்டியும் மாடும் ஆளும் அனுப்ப வேண்டும். சில ஆண்டுகளிலேயே 4 நாள் 6 நாளாயிற்று. மேற்பார்வைக்கு ஊரிலிருந்தே இருவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அவர்களுக்கும் சம்பளம் கிடையாது. கூலியில்லா வேலை எந்த லட்சணத்தில் நடக்குமோ அந்த லட்சணத்தில்தான் சாலைகளும் இருந்தன. சாலை மிக மோசமானால் பாரிஷின் குடிமக்கள் மீதே குற்றவழக்குப் போட்டு அபராதம் விதிக்கலாம். எங்கிருந்தோ எங்கோ போகும் பாரவண்டிகள் தங்கள் ஊர்ச் சாலையை உழுதுவிட்டுப் போவதற்குத் தாங்கள் ஏன் உழைக்க வேண்டும் என்று ஊரார் கேட்டது நியாயம்தான். அதற்கு விடையாக 1663இல் முதல் சுங்கச்சாவடிச் சாலை வந்தது. அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் நாடெங்கும் சுங்க அறக்கட்டளைகள் பெருகின. உட்சாலைகளோ பாரிஷிடமே தங்கிவிட்டன.

1835ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாய உழைப்பை ஒழித்து, அதற்குப் பதில் சாலைவரி வைத்தது. கவுண்டி மன்றங்களை உருவாக்கிய 1888ஆம் ஆண்டுச் சட்டம் முதன்மைச் சாலைகளை அவற்றிடம் தந்தது. 1929ஆம் ஆண்டுச் சட்டம் கிராமப்புறச் சாலைகளையும் சேர்த்துவிட்டது. ‘ஊரார் பொதுவில் செப்பனிட வேண்டும்’ என்ற பழைய கடமை சட்டப்படி முற்றாக நீங்கியது 1959இல்தான்.

தனியார் தெரு

1835ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்றைக்கும் தாக்கம் குறையாத இன்னொரு விதி இருந்தது. அதுவரை ஒருவர் தன் நிலத்தில் பாதை விட்டு, மக்கள் நடமாடத் தொடங்கினாலே அது ஊர்ச்சுமை ஆகிவிடும். இனி அப்படி இல்லை என்றது சட்டம்: முன்கூட்டியே 3 மாத அறிவிப்புத் தர வேண்டும், மேற்பார்வையாளர் திருப்தி அடையும் தரத்தில் சாலையைப் போட வேண்டும், 12 மாதம் தன் செலவில் பராமரிக்க வேண்டும். அதன் பிறகே அது பொதுச்செலவில் சேரும். பொதுமக்கள் நடக்கலாம், ஆனால் யாரும் செப்பனிடக் கடமைப்படாத தெரு என்ற இரண்டுங்கெட்டான் வகை இப்படித்தான் பிறந்தது. விக்டோரியா காலத்துப் புறநகர்களில் வரிசை வரிசையாக வீடு கட்டி விற்றவர்கள் சேற்றுத் தெருவை விட்டுவிட்டுப் போனார்கள்.

சேற்றை அகற்ற வந்த ஏற்பாடு இன்றைய சட்டத்திலும் தொடர்கிறது. மன்றம் தெருவைத் தானே போட்டுவிட்டு, செலவைத் தெருவை ஒட்டிய வீட்டுக்காரர்களிடம் முகப்பு நீளத்துக்கு ஏற்பப் பிரித்து வசூலிக்கலாம். மூலை வீட்டுக்குப் பக்கவாட்டு எல்லையும் முகப்புக் கணக்கில் வரும் (கிடைக்கும் பயன் குறைவென்றால் மன்றம் அதைக் கருதிக் குறைக்கலாம்). நம் ஊரில் கூடுதல் விலை கொடுத்து வாங்கும் கார்னர் மனை அங்கே கூடுதல் பில்லுக்கு வழிவகுக்கிறது. சென்னை மாநகராட்சிக்கான 1919ஆம் ஆண்டுச் சட்டமும் தனியார் தெரு என்ற வகையை ஏற்று, அதைச் சமன்செய்து தளம் போடும்படி உரிமையாளர்களுக்கு உத்தரவிடவும், பிறகு பொதுத் தெருவாக அறிவிக்கவும் வழி செய்தது.

இப்போது புதுக் குடியிருப்பு எழுப்பும் நிறுவனங்கள் வழக்கமாக 38ஆம் பிரிவின்படி மன்றத்துடன் ஒப்பந்தம் போடுகின்றன. வரைபடத்தை மன்றம் சரிபார்க்கும்; நிறுவனம் இடையில் கைவிட்டால் வேலையை முடிக்கப் பிணைத்தொகை இருக்கும்; பணி முடிந்து பராமரிப்புக் காலமும் கழிந்தபின் சாலை மன்றத்துக்குப் போகும். ஒப்பந்தம் இல்லையென்றால் 219ஆம் பிரிவு பிடித்துக்கொள்ளும்: தெருச் செலவை மன்றத்திடம் முன்பணமாகக் கட்டாமலோ ஈடு காட்டாமலோ வீட்டு வேலையைத் தொடங்கக் கூடாது. இத்தனைக்கும் பிறகு பல புதிய குடியிருப்புகளின் தெருக்கள் மன்றத்திடம் போய்ச் சேர்வதே இல்லை. மன்றம் தர விதிகளைப் பிடித்துக்கொள்ள, கட்டும் நிறுவனம் செலவைக் குறைக்க, கடைசியில் வீட்டுக்காரர்கள் தனியார் மேலாண்மை நிறுவனத்துக்கு ஆண்டுதோறும் கட்டணம் செலுத்துகிறார்கள். மன்றத்துக்கு வரியும் தனி. 2024 பிப்ரவரியில் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் வெளியிட்ட வீடுகட்டும் தொழில் பற்றிய அறிக்கை இதை வெளிப்படையாகவே குறைகூறியது. வீடு வாங்குவோர் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. பொதுச்செலவில் பராமரிக்கப்படும் தெருக்களின் பட்டியலை ஒவ்வொரு மன்றமும் வைத்திருக்கிறது. கட்டணமின்றி எவரும் பார்க்கலாம்.

குழிக்கு யார் பதில் சொல்வது

1788இல் டெவன் கவுண்டியில் பழுதான பாலத்தால் தன் வண்டி சேதமானதென்று ஒருவர் அந்தக் கவுண்டி மக்கள்மீது வழக்குத் தொடர்ந்து தோற்றார். செய்யாமல் விட்டதற்காகச் சாலைப் பொறுப்பாளர் மீது நட்டஈடு கேட்க முடியாது என்ற நிலை பின்னர் மன்றங்களுக்கும் கவசமாயிற்று. தப்பும் தவறுமாகச் செப்பனிட்டால் வழக்கு வரும், தொடாமலே விட்டால் வராது என்ற இந்த அபத்தம் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டு, 1964 முதல் நடைமுறைக்கு வந்தது.

இப்போது 41ஆம் பிரிவு பராமரிப்பைக் கடமையாக்குகிறது. 58ஆம் பிரிவு மன்றத்துக்குத் தற்காப்புத் தருகிறது. சாலையின் தன்மைக்கும் போக்குவரத்துக்கும் ஏற்ற இடைவெளியில் முறையாகச் சோதித்து வந்தோம், அந்தக் குழி எங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று மன்றம் ஆவணத்தோடு நிறுவினால் நட்டஈடு கிடையாது. அதனால்தான் அங்கே குழியை முன்கூட்டியே புகார் செய்வது அத்தனை முக்கியம். எத்தனை ஆழம் இருந்தால் குழி என்பதற்கு நாடு முழுமைக்கும் ஒரே அளவு இல்லை. வண்டித்தளத்தில் 40 மில்லிமீட்டர் என்ற அளவைப் பல மன்றங்கள் பின்பற்றுகின்றன. நடைபாதையில் அதைவிடக் குறைவு. உறைபனி தனிக்கதை. பனியை அகற்றுவது பராமரிப்புக் கடமையில் அடங்காது என்று பிரபுக்கள் சபை 2000இல் தீர்ப்பளித்தது. 2003இல் நாடாளுமன்றம், இயன்ற அளவு பனியால் ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டத்தில் சேர்த்துவிட்டது. எரிவாயு, குடிநீர், தொலைபேசி நிறுவனங்கள் தோண்டினால் 1991ஆம் ஆண்டின் தனிச்சட்டப்படி அவையே மூட வேண்டும். மூடிய இடத்துக்கு 2 ஆண்டு, ஆழமான தோண்டலுக்கு 3 ஆண்டு உத்தரவாதம்.

வீட்டு வண்டிப்பாதை

தன் நிலம் தெருவைத் தொடும் எந்த இடத்திலும் தெருவுக்குள் இறங்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்பது 1930களின் ஒரு பிரபுக்கள் சபைத் தீர்ப்பு. அதைவிட வேடிக்கை, தெருவின் அடிமண் நடுக்கோடு வரை பக்கத்து வீட்டுக்காரருக்கே சொந்தம் என்பது சட்ட அனுமானம். மன்றத்துக்கு உள்ளது மேற்பரப்பும், ‘மண்வெட்டி இரண்டு ஆழம்’ என்று நீதிபதிகள் சொல்லும் மேல்மண்ணும்தான். இருந்தாலும் நடைபாதை ஓரக்கல்லின் மேல் காரை ஏற்ற அந்த உரிமை போதாது. நடைபாதையில் வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்கிய 1835ஆம் ஆண்டுப் பிரிவு இன்றும் செல்லும். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் 184ஆம் பிரிவோ, வழக்கமாக நடைபாதையைத் தாண்டிக் காரை ஏற்றுபவருக்கு நோட்டீஸ் கொடுத்து, ஓரக்கல்லைத் தாழ்த்தி, கீழ்த்தளத்தை வலுவாக்கி, செலவை அவரிடமே வசூலிக்க மன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. வீட்டுக்காரர் தானே முன்வந்தும் விண்ணப்பிக்கலாம். மன்றமோ மன்றம் அங்கீகரித்த ஒப்பந்தக்காரரோதான் வேலை செய்ய வேண்டும். காசு கொடுத்துப் போட்ட பிறகும் அந்தச் சரிவு வீட்டுக்காரருக்குச் சொந்தமாகாது. பொதுச்சாலையின் பகுதியாகவே நிற்கும்.

விண்ணப்பம் தள்ளுபடியாகக் காரணங்கள் பல. முன்வெளியில் கார் முழுவதும் அடங்காமல் பின்பகுதி நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பல மன்றங்கள் 4.8 அல்லது 5 மீட்டர் ஆழம் கேட்கின்றன. தெருமரம், விளக்குக் கம்பம், சந்திப்பு, வளைவு எல்லாம் குறுக்கே வரும். வெளியே வரும் ஓட்டுநருக்கு இருபுறமும் பார்வை எட்ட வேண்டும்: 2007ஆம் ஆண்டின் தெரு வடிவமைப்பு வழிகாட்டி, மணிக்கு 30 மைல் வேகத்துக்கு 43 மீட்டர், 20 மைலுக்கு 25 மீட்டர் நிறுத்தத் தொலைவு கொள்கிறது. ஏ, பி, சி என வகைப்படுத்திய சாலையானால் தனியாகத் திட்ட அனுமதியும் வேண்டும்.

வீட்டுக்காரர் நிலத்துக்குள் இருக்கும் பகுதியில் மன்றம் தலையிடுவது பெரும்பாலும் தண்ணீருக்காக. 2007 கோடையில் ஹல் உள்ளிட்ட ஊர்களில் ஆற்றுநீரைவிட, வடிகால் கொள்ளாத மழைநீரே வீடுகளைச் சூழ்ந்தது. தோட்டங்களுக்குக் கான்கிரீட் போட்டுக் கார் நிறுத்தும் பழக்கம் அதில் ஒரு பங்கு. 2008 அக்டோபர் 1 முதல், வீட்டு முன்பக்கத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் நீர் உறிஞ்சாத தளம் போட்டு மழைநீரைத் தெருவில் விடுவதானால் திட்ட அனுமதி வேண்டும். ஜல்லியோ, நீர் இறங்கும் கற்களோ பதித்தாலும், தண்ணீரைப் புல்தரைப் பக்கம் திருப்பினாலும் அனுமதி தேவையில்லை. விதி நல்லதுதான், போட்ட தளத்தை யார் போய் அளப்பது என்பதில்தான் ஓட்டை. நெடுஞ்சாலைச் சட்டத்தின் 163ஆம் பிரிவின்படியும் தெருவில் பாயும் நீரைத் தடுக்க நோட்டீஸ் கொடுக்கலாம். தெருமேல் கவியும் வேலிச்செடியை 14 நாளில் வெட்டவும், வாசற்கதவு தெருப்பக்கம் திறக்காமல் மாற்றவும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு.

தாழ்த்திய ஓரக்கல்லின் முன் வேறு வண்டி நிற்பதை 2004ஆம் ஆண்டின் போக்குவரத்து மேலாண்மைச் சட்டம் தடை செய்கிறது. குடியிருப்பவர் சம்மதித்தால் விலக்கு உண்டு. இரு வீட்டுக்குப் பொதுவான பாதையானால் அந்த விலக்கு செல்லாது. தாழ்த்திய ஓரக்கல்லின் முன் போடும் வெள்ளைக் கோடு எச்சரிக்கை மட்டுமே. வண்டிப்பாதை இல்லாத வீடுகளில் அண்மைக்காலச் சிக்கல் மின்காருக்கு மின்னேற்றுவது: நடைபாதைக்குக் குறுக்கே கம்பி போட மன்றத்தின் இசைவு வேண்டும். சில மன்றங்கள் நடைபாதைத் தளத்தில் மூடியுள்ள மெல்லிய கால்வாய் வெட்டி, அதற்குள் கம்பியை வைக்க உரிமம் தரத் தொடங்கியிருக்கின்றன.

இவற்றில் பெரும்பகுதி வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்துக்கு 1984ஆம் ஆண்டின் தனிச்சட்டம் உண்டு. வடக்கு அயர்லாந்தில் சாலைகள் உள்ளாட்சி மன்றங்களிடம் இல்லை. உள்கட்டமைப்புத் துறையே நேரடியாகப் பார்த்துக்கொள்கிறது.