கண்ணகி கண்ட கனா



சென்ற மாதம் வாலிபர் கூடுகையில் ஒரு தம்பி ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றிச் சொன்னார். பெயர் ‘ஃப்ளாஷ்ஃபார்வர்ட்’. 2009 செப்டம்பரில் தொடங்கி, அடுத்த ஆண்டு மே மாதத்தில் இருபத்திரண்டு பகுதிகளோடு நிறுத்தப்பட்டதாம். அதன் கதை இது: ஒருநாள் உலகிலுள்ள எல்லா மனிதரும் ஒரே நேரத்தில் நினைவிழந்து விழுகிறார்கள். 137 வினாடிகள். அந்த இடைவெளியில் ஒவ்வொருவரும் ஏறத்தாழ ஆறு மாதம் கழித்து, 2010 ஏப்ரல் 29 அன்று, தாம் எங்கே என்ன செய்துகொண்டிருப்போம் என்பதைக் காண்கிறார்கள். விழித்தெழுந்த பின் யாருக்கும் நிம்மதியில்லை. ஒன்றையும் காணாத ஒருவர், அந்நாளில் தாம் உயிரோடு இருக்கமாட்டோம் என்று எண்ணி நடுங்குகிறார். இன்னொருவர், தம்மால் ஒரு பெண் சாகப்போகிறாள் என்று அறிந்து, அதைத் தடுக்கத் தம் உயிரையே மாய்த்துக்கொள்கிறார். இராபர்ட் சாயர் என்னும் கனடா நாட்டு எழுத்தாளர் 1999இல் எழுதிய நாவலே இதற்கு மூலம்.

கதையைச் சொல்லி முடித்த தம்பி, “கண்டது நடந்தே தீருமா, ஐயா? இல்லை, மாற்ற முடியுமா?” என்று கேட்டார். நான் உடனே வேத வசனம் ஒன்றை எடுத்திருக்கலாம். ஆனால் என் நினைவுக்கு முதலில் வந்தது நம் பள்ளத்தாக்கின் மலைமுடிதான்.

சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் கடந்து கூடலூருக்குப் போனால், பளியன்குடியிலிருந்து காட்டுவழியாக மேலே ஏறும் பாதை ஒன்று உண்டு. கேரள எல்லையில், இடிந்த கற்சுவர்களோடு நிற்கிறது மங்கலதேவி கண்ணகி கோயில். சித்திரைப் பௌர்ணமியன்று ஒருநாள் மட்டுமே மக்களை மேலே விடுகிறார்கள். தேனி, இடுக்கி ஆகிய இரு மாவட்ட ஆட்சியரும் சேர்ந்தே ஏற்பாடு செய்கிறார்கள். இதுவே சிலப்பதிகாரம் கூறும் கண்ணகி கோட்டம் என்று 1963இல் ஆராய்ந்து அறிவித்தவர் பேராசிரியர் சி. கோவிந்தராசனார். வேறு இடத்தைச் சுட்டுவோரும் உண்டு. ஆனாலும் மதுரையை எரித்தபின் அவள் வையைக் கரை வழியே மேற்கே நடந்தாள் என்று நூல் சொல்கிறது. அந்தக் கரை வழியே தொடர்ந்து வருபவர் நம் பக்கம்தான் வந்து சேருவார்.

சிலப்பதிகாரத்தைப் பள்ளியில் படித்தபோது, கற்பு, நீதி என்ற இரண்டையே நமக்குச் சொல்லித்தந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டி மீண்டும் படித்தபோது எனக்கு வேறொன்று தென்பட்டது. இது வருங்காலத்தை முன்னரே கண்டவர்களின் கதை. எத்தனை பேர் காண்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

முதலில் கண்ணகி. புகாரில், கணவன் மாதவியிடம் தங்கிவிட்ட நாட்களில், அவள் ஒரு கனவு காண்கிறாள். கணவன் தன் கையைப் பிடித்து ஒரு பெரிய நகருக்கு அழைத்துப்போகிறான். அங்கே அவர்கள்மேல் பொய்ப்பழி விழுகிறது. கோவலனுக்குத் தீங்கு நேர்ந்ததாகக் கேட்டுத் தான் அரசன்முன் நின்று வழக்குரைக்கிறாள். அரசனுக்கும் ஊருக்கும் கேடு வருகிறது. இவ்வளவையும் தேவந்தி என்னும் தோழியிடம் சொல்கிறாள். தேவந்தி பரிகாரம் ஒன்று கூறுகிறாள்: கடற்கரையிலுள்ள இரண்டு பொய்கைகளில் நீராடிக் காமவேள் கோட்டத்தில் தொழுதால் கணவன் திரும்பக் கிடைப்பான். அது தனக்குத் தகுதியன்று என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். அவள் நம்முடைய வேதத்தை அறியாதவள். ஆயினும் அந்த மறுப்பை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வெட்கம் உண்டாகிறது. ஏன் என்று பின்னர் சொல்கிறேன்.

அவள் மறுத்த அதே வேளையில் கோவலன் வாசலில் வந்து நிற்கிறான். பொருளெல்லாம் போயிற்று; மதுரைக்குப் போய்ச் சிலம்பை முதலாக வைத்து வாணிகம் செய்வோம், வா என்கிறான். கனவில் கண்ட பெரிய நகர் இதுதானோ என்று அவள் எண்ணினாளா? நூலாசிரியர் சொல்லவில்லை. எழுந்து உடன் போகிறாள்.

அடுத்து கோவலன். மதுரைப் புறஞ்சேரியில் மாடலன் என்னும் மறையவனிடம் தன் கனவைச் சொல்கிறான். கீழ்மகன் ஒருவனால் ஆடை பறிக்கப்பட்டு, கொம்புடைய விலங்கின்மேல் ஏறிச் செல்வதாகவும், கண்ணகி நடுங்கித் துயருறுவதாகவும் கண்டான். மகள் மணிமேகலை துறவு பூணுவதையும் கண்டான். இது விரைவில் நடக்கும் என்று அவனே சொல்கிறான். சொன்னவன் மறுநாள் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிறான். மூன்றாவதாகப் பாண்டிமாதேவி. கொற்றக்குடையும் செங்கோலும் விழக் கண்டாள்; இரவில் வானவில்லையும் பகலில் விண்மீன் வீழ்வதையும் கண்டாள். அதை அவள் அரசனிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாயிலில் கண்ணகி வந்துவிட்டாள்.

மூவரும் கண்டார்கள். கண்டதால் ஒருவரும் தப்பவில்லை.

இதற்குமேல் தேதியோடு ஒரு முன்னறிவிப்பும் இருக்கிறது. மதுரை எரிந்தபின் நகரத் தெய்வம் கண்ணகிமுன் தோன்றி, ஆடி மாதத் தேய்பிறையில், கார்த்திகையும் அட்டமியும் கூடிய வெள்ளிக்கிழமையில், தீ மதுரையை உண்ணும், அரசும் கெடும் என்ற ஒரு சொல் ஏற்கெனவே வழங்கியது என்கிறது. அமெரிக்கத் தொடரின் ஏப்ரல் 29ஐப் போலவே, நாள் குறித்த அழிவு.

இவ்விடத்தில் கொஞ்சம் விலகிச் செல்ல அனுமதியுங்கள். இந்தத் தேதியைக் கையிலெடுத்துக் கணக்குப் போட்டவர் ஒரு கிறிஸ்தவர். 1865இல் பிறந்த எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை, கத்தோலிக்கர். சென்னைச் சட்டமன்றத்தின் தலைவராக இருந்து 1925இல் காலமானவர். கி.பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்கும் திதியும் நட்சத்திரமும் கணித்து, ‘இந்தியன் எபிமெரிஸ்’ என்று 1922இல் பெருநூல் வெளியிட்டவர். இந்த அட்டமியும் வெள்ளியும் கார்த்திகையும் பொருந்தும் நாள் கி.பி. 756 ஜூலை 23 என்று அவர் கணித்தார். இலங்கை அரசன் கயவாகுவை வைத்து நூலை இரண்டாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் இதை ஏற்கவில்லை. வழக்கு இன்னும் தீரவில்லை. எனக்குப் பிடித்தது வேறு செய்தி. வருங்காலத்தை அறிய உதவும் என்று உலகம் நம்பிய பஞ்சாங்கத்தை, இவர் கடந்த காலத்தை அறியும் கருவியாகத் திருப்பிக்கொண்டார்.

ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த முன்னறிவிப்பு நமக்குக் கிடைப்பது தீக்குப் பின்னர் எழுதப்பட்ட நூலில். ஊர் எரிந்தபின், “இது முன்னரே சொல்லப்பட்டதுதான்” என்று சொல்வது மனிதருக்கு ஆறுதல். ஒரு மரணவீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, “போன வாரமே ஒருமாதிரிப் பேசினார், ஐயா” என்று நான் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! யாரும் பொய் சொல்வதில்லை. நடந்தது நடக்காமலும் இருந்திருக்கலாம் என்ற எண்ணத்தைத் தாங்க முடியாமல், விதி என்ற பாயில் அதைக் கிடத்துகிறோம்.

ஆனால் சிலப்பதிகாரத்தோடு சேர்த்து வழங்கும் நான்காவது காட்சி ஒன்று உண்டு. அதை ஆசிரியர் நூலின் கடைசிக் காதைக்கு வைத்திருக்கிறார். சேரன் அவையில் நிமித்திகன் ஒருவன் இளையவனைப் பார்த்து, அரசாளும் இலக்கணம் உனக்கே உண்டு என்கிறான். மூத்தவன் செங்குட்டுவன் அருகில் இருக்கிறான். அண்ணனின் மனம் வாடியதைக் கண்ட தம்பி, அப்போதே துறவு பூண்டு அரசுரிமையை விட்டு நீங்குகிறான். அவரே இளங்கோவடிகள், நூலைப் பாடியவர். ஊழ் உருத்து வரும் என்று ஊருக்கெல்லாம் பாடியவருடைய சொந்த வாழ்க்கையில், சோதிடன் சொன்ன மணிமுடி சூட்டப்படவில்லை. கேட்ட சொல்லை அவர் பொய் என்று வாதாடவுமில்லை, அடைய ஓடவுமில்லை. பக்கத்தில் இருந்தவனின் முகத்தைப் பார்த்தார்.

வேதாகமத்திலும் இப்படி இருவகை உண்டு. எந்தோரில் இரவில் மாறுவேடத்தில் போன சவுல் ராஜா, நாளை நீ சாவாய் என்று கேட்டான், நெடுஞ்சாண்கிடையாய் விழுந்தான், மறுநாள் கில்போவாவில் மடிந்தான். எசேக்கியா ராஜாவோ, நீர் பிழைக்கமாட்டீர் என்று ஏசாயா சொன்னபோது, சுவர்ப்புறமாகத் திரும்பி அழுதார். தீர்க்கதரிசி முற்றத்தைக் கடக்குமுன் பதினைந்து ஆண்டு கூட்டிக்கொடுக்கப்பட்டது. நினிவேக்கு நாற்பது நாள் கெடு, நகரம் கவிழவில்லை, தன் வாக்குப் பலிக்கவில்லையே என்று யோனாதான் கோபித்துக்கொண்டார். தீர்க்கதரிசனம் பலிக்காமல் போவதற்காகவே சொல்லப்படுவதும் உண்டு என்பதை அவர் ஆமணக்குச் செடியின்கீழ் கற்க வேண்டியிருந்தது. எசேக்கியாவுக்குக் கூடக் கிடைத்த ஆண்டுகளும் இனிப்பாக மட்டும் இருக்கவில்லை. அந்தப் பதினைந்து ஆண்டுக்குள் பிறந்தவன்தான் மனாசே. பன்னிரண்டு வயதில் அரியணை ஏறி, எருசலேமை இரத்தத்தால் நிரப்பினவன். ஆயுளைக் கேட்டுப் பெற்றவருக்கும் அந்த ஆயுளில் என்ன வரும் என்று காட்டப்படவில்லை.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நம் சபையார் ஒருவரின் கதையை அவர் அனுமதியோடு எழுதுகிறேன், பெயர் வேண்டாம்.

விதையில்லாத் திராட்சைதான் அவருக்கும் பிழைப்பு. ஒரு வருடம் பழம் கனியும் சமயத்தில் தொடர்மழை பிடித்து, கொத்துக் கொத்தாய் வெடித்துப் போயிற்று. மனமொடிந்த நிலையில், யாரோ சொன்னார்கள் என்று, வெளியூரில் ஓலை பார்க்கும் ஒருவரிடம் போனார். நாடி பார்ப்பது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். வைத்தீசுவரன்கோயிலில் தெருவெங்கும் பலகைகள் தொங்கும். ஆணுக்கு வலக்கைப் பெருவிரல் ரேகை, பெண்ணுக்கு இடக்கை. ‘சிதம்பர ரகசியம்’ என்று இதையே மையமாக வைத்துச் சன் தொலைக்காட்சியில் ஒரு தொடர் வந்து, நம் வீடுகளிலும் கண்கொட்டாமல் பார்த்தோம். நம்மவருக்கு ஓலை சொன்ன செய்தி: ஐம்பத்தெட்டு வயது தாண்டாது. அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு.

வீட்டில் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. பந்தல் கம்பி துருப்பிடித்தபோது மாற்றவில்லை; நமக்கு எதற்கு என்று கொடிகளைப் பிடுங்கி, நிலத்தைக் குத்தகைக்கு விட்டார். கண்மூடுமுன் கடமையை முடிக்க வேண்டும் என்று, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்த மகளை நிறுத்தித் திருமணம் செய்துவைத்தார். அந்தத் திருமணத்தை நடத்திவைத்தவன் நான். ஏன் இவ்வளவு அவசரம் என்று நான் கேட்டேன், ஒருமுறைதான் கேட்டேன்.

கடந்த ஆடியில் அவருக்கு ஐம்பத்தொன்பது பிறந்தது. அன்றிரவு ஆயர் இல்லத்துக் கதவைத் தட்டினார். நன்றி செலுத்த வந்தார் என்று எண்ணினேன். “சாகலைனு சந்தோசப்படவா, ஆறு வருசம் வீணாப் போச்சேனு அழுகவா, ஐயா?” என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை. ஓலை பொய்த்துவிட்டது என்று சொல்லத் தோன்றியது. ஆனால் பாதி பலித்துத்தான் இருந்தது. அந்த ஆறு ஆண்டும் அவர் வாழவில்லை.

இதை வாசித்துவிட்டு, நாம் அப்படிப்பட்ட இடங்களுக்குப் போவதில்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளாதீர்கள். ஜனவரி முதல் தேதி ஆராதனை முடிந்ததும் நம் ஆலயத்தில் என்ன நடக்கிறது? ஒரு பெட்டியில் வாக்குத்தத்த அட்டைகளைக் குலுக்கி வைக்கிறோம். வரிசையில் வந்து கண்ணை மூடி ஒன்றை எடுக்கிறோம். ஆசீர்வாதம், பெருக்கம் என்று வந்தால் முகம் மலர்கிறது. பொறுமை, பாடு என்று வந்தால் வாடுகிறது. கடைத்தெருவில் கூண்டைத் திறந்தால் கிளி வந்து சீட்டெடுக்கும்; இங்கே கிளியும் நாமே. முன்னே வெட்கம் என்று சொன்னேன் அல்லவா? இவ்வாண்டு நானும் ஓர் அட்டை எடுத்தேன். உபத்திரவத்தைப் பற்றிய வசனம். யாரும் பார்க்கவில்லை என்று அதைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, வேறொன்றை எடுத்துக்கொண்டேன். பொய்கையில் நீராட மறுத்த வணிகர் வீட்டுப் பெண்ணைவிட, வேதசாஸ்திரம் படித்த உங்கள் போதகர் அன்று சிறியவராய் நின்றார்.

அந்தப் பெட்டியை வருகிற புத்தாண்டில் வைப்பதா வேண்டாமா என்று சபைக் கமிட்டியில் பேச இருக்கிறோம். பெரியவர்கள் சிலருக்கு அது பல்லாண்டுப் பழக்கம் என்பதை அறிவேன். உங்கள் எண்ணத்தை மறைக்காமல் சொல்லுங்கள். இந்த வாரத் தியானத்துக்கு ஏசாயா 38ஆம் அதிகாரத்தையும், யோனாவின் கடைசி இரண்டு அதிகாரங்களையும் வாசித்து வாருங்கள்.

அந்தச் சகோதரரின் மகள் விட்ட படிப்பைத் தொலைதூரக் கல்வியில் தொடர விண்ணப்பித்திருக்கிறாள், அவளுக்காக ஜெபியுங்கள். அவரும் குத்தகையிலிருந்து நிலத்தைத் திருப்பிக்கொண்டு, கல்தூண்களில் புதுக்கம்பி கட்டி, கொடி நட்டிருக்கிறார். முதல் கவாத்துக்கு நாள் பார்க்கட்டுமா என்று தரகர் கேட்டாராம். வெட்டுகிறவர்கள் என்றைக்கு வருவார்களோ அன்றைக்கு என்று சொல்லியனுப்பினாராம்.