அப்டேட் போட்டதும் கணினி பழுதாகிவிட்டதா? ஒரு முப்பது வருட வரலாறு



2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் நிறுத்தப்பட்டன. அன்றிலிருந்து கலகெதரயில் கணினி வைத்திருக்கும் பல வீடுகளில் ஒரே கதைதான். “அப்டேட் ஒன்று வந்தது, அதுக்குப் பிறகு பிரின்டர் வேலை செய்யல்ல.” “சத்தம் வருதில்ல.” “விண்டோஸ் 11 போடப் போனா இந்த மெஷினுக்குச் சரிவராது என்று சொல்லுது. புதிசு வாங்கணுமா?” ஆசிரியர்களாகிய எம்மிடம் பெற்றோர் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்றாகிவிட்டது.

நீண்ட பதிவு இது. பொறுமையாக வாசியுங்கள். இந்தப் பிரச்சினை நேற்று வந்ததல்ல. இதன் வரலாறு தெரிந்தால், நல்ல நிலையில் இருக்கும் பொருளைப் பழுது என்று நினைத்துக் காசை வீணாக்க மாட்டோம்.

*டிரைவர் என்றால் என்ன?*

கணினியில் இரண்டு பகுதி இருக்கிறது. கையால் தொடக்கூடிய வன்பொருள் ஒன்று: பிரின்டர், கீபோர்ட், சவுண்ட் கார்ட், ஹார்ட் டிஸ்க். அவற்றை ஆளுகின்ற பணிசெயல் முறைமை மற்றது: விண்டோஸ், லினக்ஸ் போன்றவை. இந்த இரண்டும் நேரடியாகக் கதைப்பதில்லை. நடுவில் நின்று செய்தி கொண்டு போகும் சிறிய மென்பொருளைத்தான் டிரைவர் என்கிறோம்.

எமது ஊருக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. கண்டி இராச்சியக் காலத்தில் போக்குவரத்துக்கென்று ‘மடிகே பத்த’ என்ற திணைக்களம் இருந்தது. அதில் முஸ்லிம்கள் பெரும் பங்கு வகித்தார்கள். பொதி மாடுகளைத் தவளமாக ஓட்டிச் சென்று, கரையோரத்து உப்பையும் துணியையும் மலைநாட்டுக்குக் கொண்டு வந்தார்கள், இங்கிருந்து பாக்கைக் கீழே இறக்கினார்கள். மடிகே என்ற பெயர் எமது பகுதியில் இன்றும் வழங்குகிறது. அரசன் ஒரு பாதையை மூடி வேறொரு கடவையைத் திறந்தால், புதுப் பாதை தெரியாத தவளம் வழியில் நின்றுவிடும். அதற்காக மாடு செத்துவிட்டது என்று அர்த்தமல்ல. உப்பும் கெட்டுப் போகவில்லை. பாதைதான் மாறியிருக்கிறது.

அப்டேட்டுக்குப் பிறகு நடப்பதும் பெரும்பாலும் இதுதான். விண்டோஸ் உள்ளே பாதையை மாற்றுகிறது. பழைய டிரைவருக்கு அந்தப் பாதை தெரியாது. பிரின்டர் நின்றுவிடுகிறது.

*1995 முதல் 2007 வரை*

1995 ஓகஸ்ட் 24ஆம் திகதி விண்டோஸ் 95 வெளியானது. ஒரு கருவியைச் செருகியவுடன் கணினி தானாகவே அதை அடையாளம் கண்டு வேலை செய்ய வைக்கும் என்பது அதன் பெரிய வாக்குறுதிகளில் ஒன்று. நடைமுறையில் அது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. செருகிவிட்டுப் பிரார்த்தனை செய்ய வேண்டியதுதான் என்று அக்காலத்தவர்கள் கேலி செய்தார்கள்.

அடுத்தது உலகமே பார்த்த சம்பவம். 1998 ஏப்ரல் 20ஆம் திகதி சிக்காகோவில் நடந்த கண்காட்சியில் பில் கேட்ஸ் மேடையில் நிற்க, அவரது ஊழியர் ஒருவர் விண்டோஸ் 98இன் திறமையைக் காட்டுவதற்காக ஒரு ஸ்கேனரைச் செருகினார். உடனே நீலத்திரை வந்து கணினி முடங்கியது. சபை முழுக்கச் சிரிப்பு. விண்டோஸை உருவாக்கியவர்களின் மேடையிலேயே இது நடந்தது என்றால், எமது வீட்டு மேசையில் நடப்பதில் என்ன ஆச்சரியம்?

2001 ஒக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்.பி. வந்தது. அதன் அடித்தளம் 98இலிருந்து முற்றிலும் வேறானது. 98க்காக எழுதப்பட்ட பல டிரைவர்கள் அதில் ஓடவில்லை. புது டிரைவர் எழுதத் தயாரிப்பாளர்கள் விரும்பாத பழைய ஸ்கேனர்களும் பிரின்டர்களும், நல்ல நிலையில் இருந்தும் மூலைக்குப் போயின.

எல்லாவற்றையும் விடப் பெரிய பாடம் 2007 ஜனவரி 30ஆம் திகதி பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா. படம் காட்டும் முறையும் ஒலி தரும் முறையும் அதில் புதிதாக எழுதப்பட்டிருந்தன. டிரைவர்கள் தயாராக இருக்கவில்லை. பின்னர் அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கில் மைக்ரோசொஃப்ட்டின் உள் மின்னஞ்சல்கள் வெளிவந்தன. 2007இல் ஒரு காலப்பகுதியில் பதிவான விஸ்டா முடக்கங்களில் 100க்கு ஏறத்தாழ 29, என்விடியா நிறுவனத்தின் டிரைவர்களால் ஏற்பட்டவை என்று அவற்றில் இருந்தது. விஸ்டா வெளியான வேளையில் தன் வீட்டுப் பிரின்டருக்கே ஒழுங்கான டிரைவர் இருக்கவில்லை என்று மைக்ரோசொஃப்ட்டின் உயர் அதிகாரி ஸ்டீவன் சினோஃப்ஸ்கி எழுதிய மின்னஞ்சலும் அதில் ஒன்று. அவரது பிரின்டரும் பழுதாகியிருக்கவில்லை. சில நாட்களில் டிரைவர் வந்தது, பிரின்டர் ஓடியது.

*எமது நாட்டுக்குக் கணினி வந்த வழி*

இலங்கையில் கணினிக்கென்று ஒரு தேசியப் பேரவை 1984இல் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அதன் பின்னணியில் உழைத்தவர் கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வி. கே. சமரநாயக்க. 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம் உருவானது. அதன் ‘நெனசல’ நிலையங்கள் கிராமங்களுக்குக் கணினியைக் கொண்டு போயின. பன்சலையிலும் பள்ளிவாசலிலும் கோயிலிலும் கூட அவை இயங்கின. 2014இல் அத்திட்டத்துக்கு பில் மற்றும் மெலிண்டா கேட்ஸ் மன்றத்தின் சர்வதேச விருதும் கிடைத்தது.

ஆனால் கிராமத்துக்கு வந்த கணினி எப்போதும் புதிய கணினியாக இருக்கவில்லை. ஒருவர் பாவித்ததை இன்னொருவர் வாங்குவதுதான் எமது வழக்கம். அதனால் தயாரிப்பாளர் கைவிட்ட பொருளும் எம்மிடம் நீண்ட காலம் வாழ்கிறது, டிரைவர் பிரச்சினையும் எம்மைத்தான் கூடுதலாகத் தாக்குகிறது.

தமிழில் எழுதும் எமக்கு இன்னொரு தலையிடி எழுத்துரு. பல வருடங்களாக எமது வினாத்தாள்கள் பாமினியில் தட்டச்சிடப்பட்டன. விண்டோஸைப் புதிதாகப் போட்ட கணினியில் பாமினி இருக்காது. பழைய வினாத்தாளைத் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது, டிஸ்க் பழுது என்று முடிவு கட்டிவிடுவார்கள். எழுத்துருவை மீண்டும் நிறுவினால் வினாத்தாள் வந்துவிடும். யூனிகோட்டிலும் இது நடந்தது. விண்டோஸ் 2000 காலத்திலிருந்து கூடவே வந்த லதா எழுத்துருவை, விண்டோஸ் 10இல் விருப்பத் தெரிவாக மாற்றிவிட்டார்கள். தமிழ் துணை எழுத்துருக்கள் என்ற பகுதியை நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வேறு எழுத்துருவில் தெரிந்து, இரண்டு பக்க வினாத்தாள் மூன்று பக்கமாகலாம்.

*கேட்காமலே வரும் அப்டேட்*

2015 ஜூலை 29ஆம் திகதி வந்த விண்டோஸ் 10 ஒரு பழக்கத்தை மாற்றியது. அதுவரை அப்டேட் போடுவதா இல்லையா என்பது எமது விருப்பம். அதன் பிறகு வீட்டுக் கணினிகளுக்கு அது தானாகவே வரத் தொடங்கியது. நன்மை பெரிது, சிக்கலும் கூட வந்தது.

2018 ஜனவரியில் வந்த பாதுகாப்பு அப்டேட் ஒன்றால் சில பழைய ஏ.எம்.டி. கணினிகள் துவங்கவே மறுத்தன. மைக்ரோசொஃப்ட் அதை இடைநிறுத்த நேர்ந்தது. அதே வருடம் ஒக்டோபரில் தவறான இன்டெல் ஒலி டிரைவர் ஒன்று பல கணினிகளுக்குப் போனது, சத்தம் நின்றது. 2021 மார்ச்சில் வந்த அப்டேட்டுக்குப் பிறகு, சில வகைப் பிரின்டர்களுக்கு அச்சிடக் கொடுத்தவுடன் நீலத்திரை வந்தது. ஒரு வாரத்துக்குள் திருத்தம் வெளியானது. கடைசியாக 2025 ஒக்டோபர் 14, அதாவது விண்டோஸ் 10 விடைபெற்ற அதே நாளில் விண்டோஸ் 11க்கு வந்த அப்டேட், கணினியை மீட்கும் திரையில் யு.எஸ்.பி. கீபோர்டையும் மவுஸையும் செயலிழக்க வைத்தது. ஆறு நாளில் அவசரத் திருத்தம் வந்தது.

இந்தச் சம்பவங்கள் எதிலும் கருவிகள் பழுதாகவில்லை. பிழை மென்பொருளில் இருந்தது, திருத்தமும் மென்பொருளாகவே வந்தது. அந்த இடைவெளியில் புதுப் பிரின்டர் வாங்கியவருக்குத்தான் நட்டம்.

“அப்படியென்றால் அப்டேட்டையே நிறுத்திவிடுவோம்” என்று சிலர் சொல்கிறார்கள். அதற்கும் வரலாற்றில் பதில் இருக்கிறது. 2017 மே 12ஆம் திகதி வன்னாக்ரை என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரித்தானிய வைத்தியசாலைகள் கூட நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதங்களுக்கு முன், மார்ச் 14ஆம் திகதியே வந்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். எனவே அப்டேட் வேண்டும். அதற்குப் பின் நிதானமும் வேண்டும்.

*நிதானமாகப் பார்க்கும் வரிசை*

1. முதலில் ‘ரீஸ்டார்ட்’ செய்யுங்கள். சாதாரணமாக ஷட் டவுன் செய்து மீண்டும் போடுவது போதாது. வேகமாகத் துவங்குவதற்காக விண்டோஸ் பழைய நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட்தான் முழுமையாகப் புதிதாகத் துவக்கும்.

2. வயர்களைக் கழற்றி மீண்டும் மாட்டுங்கள். வேறு யு.எஸ்.பி. துளையில் செருகிப் பாருங்கள்.

3. டிவைஸ் மெனேஜரைத் திறந்து, எந்தக் கருவிக்குப் பக்கத்தில் மஞ்சள் அடையாளம் இருக்கிறது என்று பாருங்கள். அங்கேயே பழைய டிரைவருக்குத் திரும்பும் வசதி உண்டு. பிரின்டர் என்றால் அதை நீக்கிவிட்டு, தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்து டிரைவரை எடுத்து மீண்டும் நிறுவுங்கள். கண்ட கண்ட இடங்களில் ‘டிரைவர் அப்டேட்டர்’ இறக்க வேண்டாம். அவற்றோடு வைரஸும் வரும்.

4. அப்டேட் வரலாற்றுக்குச் சென்று கடைசி அப்டேட்டை நீக்கலாம். விண்டோஸ் 10இலிருந்து 11க்குப் போனவர்களுக்கு, பழையதற்குத் திரும்ப 10 நாள் அவகாசம் இருக்கிறது.

5. உண்மையிலேயே பொருள்தான் பழுதா என்று அறிய வேண்டுமா? விண்டோஸுக்கு வெளியே சோதியுங்கள். கணினி துவங்கும்போது வரும் பயோஸ் திரையில் கீபோர்ட் வேலை செய்தால் கீபோர்ட் நல்லது. யு.எஸ்.பி.யில் லினக்ஸைப் போட்டு, நிறுவாமலே கணினியைத் துவக்கலாம். அங்கே சத்தமும் வைஃபையும் வந்தால் வன்பொருளில் குறையில்லை. லினக்ஸில் வராவிட்டால் மட்டும் உடனே பழுது என்று முடிவெடுக்க வேண்டாம், அதற்கும் டிரைவர் வேண்டும்.

உண்மையான பழுதும் உண்டு. பல மாதம் பழையபடியே ஓடிய ஹார்ட் டிஸ்க், பெரிய அப்டேட்டின் பாரத்தில் தன் குறையைக் காட்டலாம். டிஸ்க்கில் வழமையில்லாத சத்தம் கேட்டால் வேறெதையும் முயற்சிக்காமல் முதலில் ஃபைல்களை வெளியே பிரதி எடுங்கள். மலைநாட்டு இடியும் மின்னலும் ஒரு அப்டேட் வந்த நாளிலேயே தாக்கக் கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

*விண்டோஸ் 11 மறுக்கும் கணினிகள்*

2021 ஒக்டோபர் 5ஆம் திகதி வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் என்றால் ஏறத்தாழ 2017க்குப் பிந்திய 8ஆம் தலைமுறைச் செயலியையும் கேட்கிறது. அதற்கு முந்திய கணினி தகுதி பெறாது. தகுதி பெறாதது வேறு, பழுதானது வேறு. சில கணினிகளில் அந்தச் சில்லு இருந்தும் பயோஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதை முதலில் பாருங்கள்.

இல்லையென்றால் இரண்டு வழி. விண்டோஸ் 10க்கான நீடிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்களுக்குப் பதிவு செய்தால் 2026 ஒக்டோபர் 13 வரை காலம் கிடைக்கும். மற்றது லினக்ஸ். அது எமக்கு அந்நியமானதல்ல. கண்டிக்குப் பக்கத்து மலையின் பெயரில் ‘ஹந்தான லினக்ஸ்’ என்ற பதிப்பையே இலங்கையர் உருவாக்கினார்கள். இணையம், கடிதம், பிள்ளைகளின் பாடம் என்பவற்றுக்கு லினக்ஸ் தாராளமாகப் போதும். மாற்றும் முன் உங்கள் பிரின்டர் அதில் ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

2022ஐ நாம் மறக்கவில்லை. டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360ஐத் தாண்டியது. கடதாசியும் மையும் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே பிற்போடப்பட்டது. அதற்குப் பிறகு ஒரு கணினி வாங்குவது பல குடும்பங்களுக்கு மாதக் கணக்கான உழைப்பு. வீட்டிலிருக்கும் ஒரே கணினி “பழுது” என்று மூலைக்குப் போனால், அதில் படித்த பிள்ளையின் படிப்பும் அதோடு போகிறது. அநேகமாகப் பெண்பிள்ளைகளின் படிப்புத்தான் முதலில் நிற்கிறது. மகன் வெளியே போய் எங்காவது கணினி தேடிக்கொள்வான், மகளுக்கு அந்த வாய்ப்புக் குறைவு.

ஆகவே தூக்கிப் போடும் முன், விற்கும் முன், ஒரு தடவை மேலே சொன்ன வரிசையில் பாருங்கள். தெரியாவிட்டால் எமது சாதாரண தரத்துப் பிள்ளைகளிடம் கேளுங்கள், தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பவர்களுக்கு இது கைவந்த வேலை. உங்களுக்குத் தேவையில்லை என்றால் தேவைப்படும் ஒரு வீட்டுக்குக் கொடுங்கள். அல்லாஹ் எமது பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக.