ஆன் லேண்டர்ஸும் வாசகர்களும்

‘ஆன் லேண்டர்ஸ்’ என்பது அமெரிக்க நாளிதழ்களில் வெளிவந்த ஓர் ஆலோசனைப் பத்தியின் புனைபெயர். ரூத் குரோலி என்ற செவிலியர் 1943-இல் சிகாகோவில் இந்தப் பத்தியைத் தொடங்கினார். 1955-இல் அவர் இறந்ததும் எஸ்தர் லெடரர் அப்பெயரை ஏற்று, 2002-இல் தாம் இறக்கும்வரை 47 ஆண்டுகள் எழுதினார். 1956-இல் அவருடைய இரட்டைச் சகோதரி பாலின் பிலிப்ஸ், ‘டியர் ஆபி’ என்ற போட்டிப் பத்தியை சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கினார்.

அதுவரை பத்திரிகையில் எழுதிப் பழகாத லெடரர், தமக்குத் தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதினார். அண்டை வீட்டு மரத்தின் காய்கள் தம் மனையில் விழுந்தால் அவை யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு, உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸிடமே விளக்கம் கேட்டார். மருத்துவர், வழக்கறிஞர், பாதிரியார் ஆகியோரை அணுக வசதியற்ற வாசகர்கள் இதனால் பத்தியை நம்பினார்கள். பதில்கள் சுருக்கமாகவும் கறாராகவும் இருந்தன. அந்தக் கறாரை அக்கறை என்று ஒரு சாராரும், அதிகாரம் என்று மறு சாராரும் எடுத்துக்கொண்டார்கள். தம்மைக் கண்டித்து வந்த கடிதங்களையும் லெடரர் அச்சிட்டார். தவறு தம்முடையதென்றால் பத்தியிலேயே ஒப்புக்கொண்டார்.

வாசகர்களிடம் அவருக்கு இருந்த செல்வாக்கு 1971-இல் வெளிப்பட்டது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கும் மசோதாவை ஆதரித்து செனட்டர்களுக்கு எழுதும்படி அவர் கேட்டுக்கொண்டதும் லட்சக்கணக்கான கடிதங்கள் குவிந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் அதிபர் நிக்சன் தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

மணமுறிவு பற்றிய அவர் கருத்து அதிக விவாதத்துக்கு உள்ளானது. தொடக்கத்தில், தம்பதியர் பிரியக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். காலப்போக்கில் அந்த உறுதி தளர்ந்தது. 1975-இல் அவருடைய 36 ஆண்டு மணவாழ்வே முறிந்தது. அதை அறிவித்த பத்தியைப் பாதியில் முடித்து, எஞ்சிய இடத்தை வெற்றிடமாக விடும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார். ஆறுதல் கூறி 30,000-க்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன.

ஒருபாலீர்ப்பை நோயாகக் கருதிய அவர், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இல் அதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியபோது உடன்படவில்லை. பின்னர் அவர் பார்வை மாறியது. 1992-இல் அத்தகைய வாசகர்களிடமே அவர்கள் வாழ்வு பற்றிக் கேட்டு, கிடைத்த பதில்களை வெளியிட்டார். முன்பு அவர் பதிலால் புண்பட்டோரும், இந்த மாற்றத்தை ஏற்காதோரும் ஒரே பத்தியின் வாசகர்களாக நீடித்தார்கள்.

அவர் நடத்திய கருத்துக்கணிப்புகளைப் புள்ளியியலாளர்கள் குறை கூறினார்கள். மீண்டும் வாய்ப்புக் கிடைத்தால் குழந்தை பெற்றுக்கொள்வீர்களா என்ற கேள்விக்கு ஏறத்தாழ 10,000 பெற்றோர் எழுதினார்கள்; அவர்களில் 70 சதவீதத்தினர் ‘இல்லை’ என்றார்கள். ‘நியூஸ்டே’ நாளிதழ் குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்து கேட்டபோது 91 சதவீதத்தினர் ‘ஆம்’ என்றார்கள். மனக்குறை உள்ளவர்களே வலிய எழுத முன்வருகிறார்கள் என்பதற்கு இது புள்ளியியல் பாடநூல்களில் எடுத்துக்காட்டாக இடம்பெற்றது. ஆயினும் வெளியே சொல்ல முடியாத வேதனையைச் சொல்ல அந்தப் பெற்றோருக்கு இந்தப் பத்தி இடம் தந்தது.

1982-இல், பழைய கடிதங்களைச் சிறு மாற்றங்களுடன் அவர் மீண்டும் பயன்படுத்தியது தெரியவந்தது. கடிதங்களின் உண்மைத்தன்மையை நம்பிய வாசகர்களுக்கு இது ஏமாற்றம் தந்தது. 1995-இல் போப் இரண்டாம் ஜான் பாலின் போலந்துப் பின்னணியை இழிவுபடுத்தும் சொல்லை ஒரு பேட்டியில் பயன்படுத்தியபோது எதிர்ப்பு எழுந்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். இந்தச் சர்ச்சைகளுக்குப் பின்னரும் பத்தி நின்றுவிடவில்லை.

2002 ஜூனில் லெடரர் இறந்த பின் அந்தப் புனைபெயரை வேறு எவரும் ஏற்கவில்லை. அவருடைய உதவி ஆசிரியர்களான கேத்தி மிட்செலும் மார்சி ஷுகரும் ‘ஆனீஸ் மெயில்பாக்ஸ்’ என்ற புதிய பெயரில் வாசகர்களுக்குப் பதில் எழுதத் தொடங்கினார்கள்.