ஊவா மலைச்சாய்வும் உழவு இயந்திரமும்

வேளாண்மைப் பொறிகளின் வரலாற்றை எழுதுவோர் பொதுவாகப் பொறியின் வலுவையே அளவுகோலாகக் கொள்வர். எருதிலிருந்து நீராவிக்கும், நீராவியிலிருந்து எண்ணெய்க்கும், பத்துப் பரிவலுவிலிருந்து நூறு பரிவலுவுக்கும் மனிதன் முன்னேறினான் என்பதே அவர்கள் கூறும் கதை. ஆயின் ஓர் உழவனோ ஒரு தோட்ட நிருவாகமோ உழவு இயந்திரம் ஒன்றைத் தெரிந்தெடுக்கும்போது எழும் கேள்வி வேறானது. இந்த நிலத்துக்கு, இந்த வேலைக்கு எவ்வளவு பெரிய பொறி பொருந்தும் என்பதே அக்கேள்வி. அதற்கு விடை காண ஊவா மாகாணத்தைப் போன்று வாய்ப்பான களம் இலங்கையில் வேறில்லை எனலாம். அங்கு நிலம் மட்டுமன்றி, நிலத்தில் உழைத்த மக்களின் நிலையும் அவ்விடையைத் தீர்மானித்தமையை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1886 ஆம் ஆண்டில் தனி மாகாணமாக்கப்பட்ட ஊவா இரு வேறு நிலவியல்புகளைக் கொண்டது. பதுளை மாவட்டத்தின் அப்புத்தளை, பண்டாரவளை, பசறை, மடுல்சீமை ஆகிய பகுதிகள் செங்குத்தான மலைச்சரிவுகள். கிழக்கிலும் தெற்கிலும் மொனராகலை மாவட்டத்தின் வெல்லச, புத்தல ஆகிய பகுதிகள் உலர்வலயத் தாழ்நிலங்கள். இவ்விரண்டிற்கும் இடையே வெலிமடைப் பக்கத்திலும் பதுளையைச் சூழ்ந்தும் உள்ள பள்ளத்தாக்குகளில் சிங்கள உழவர்களின் படிக்கட்டு வயல்கள் அமைந்துள்ளன. ஆகவே சமநிலம், படிவயல், மலைச்சாய்வு ஆகிய மூன்றும் ஒரே மாகாணத்துள் அடங்குகின்றன. இம்மூன்றும் பொறியை ஏற்றுக்கொண்ட விதமும் மூன்றாகவே அமைந்தது.

முதலில் சமநிலத்தை நோக்குவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் உணவு உற்பத்தியைப் பெருக்க முனைந்த அரசு, நான்கு சக்கர உழவு இயந்திரங்களைத் தருவித்து உலர்வலயக் குடியேற்றத் திட்டங்களில் பயன்படுத்தியது. 1949 ஆம் ஆண்டில் கல்லோயா அபிவிருத்திச் சபை தோன்றியபோது, ஊவா மலைகளிலிருந்து இறங்கும் அவ்வாற்றை இங்கினியாகலையில் மறிப்பதற்குக் கனரகப் பொறிகள் வந்திறங்கின. 1980களில் புத்தலவுக்கு அண்மையில் பெல்வத்தைச் சீனித் தொழிற்சாலை அமைந்தபோதும் பரந்த கரும்பு வயல்களை உழுவதற்குப் பெரிய இயந்திரங்களே பொருத்தமாயிருந்தன. வரம்பு குறைந்த, தொடர்ச்சியான நிலமும், ஆண்டில் பல மாதங்களுக்கு ஓயாத வேலையும் இருக்குமிடத்திலேயே பெரிய பொறி தன் விலையை மீட்டுத் தரும். அங்கு அவ்விரண்டும் இருந்தன.

படிவயலின் நிலை இதற்கு மாறானது. நான்கு சக்கர இயந்திரம் ஐந்தாறு அடி அகலமானது. எடை ஒரு தொன்னுக்கு மேற்பட்டது. ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்கு இறங்குவதற்கு வழி வேண்டும். திரும்புவதற்கு இடம் வேண்டும். வளைந்து நெளிந்து செல்லும் ஒடுங்கிய படிவயலில் இவையிரண்டும் இல்லை. அதன் எடை வரம்பையும் சிதைத்துவிடும். எனவே அங்கு எருமையே நீண்டகாலம் உழுதது. சேற்றை மிதித்ததும் எருமையே.

எருமையின் இடத்தை நிரப்ப வந்தது இரு சக்கர உழவு இயந்திரம். அதன் வரலாற்றில் இலங்கையருக்குத் தனியான பங்குண்டு. கேம்பிரிட்ஜில் பொறியியல் பயின்ற ரே விஜேவர்தன (1924 – 2010) வகுத்த இரு சக்கர இயந்திரம் 1950களில் இங்கிலாந்தின் நொட்டிங்காம் பகுதியில் ‘லாண்ட்மாஸ்டர்’ என்னும் பெயரில் உற்பத்தியாகி உலகின் பல நாடுகளுக்குச் சென்றது. பின்னர் யப்பானிய இயந்திரங்கள் வந்து சந்தையைக் கைப்பற்றியபோதும் அப்பெயர் மறையவில்லை. எந்த நிறுவனத்தின் இரு சக்கர இயந்திரமாயினும் நம் உழவர் அதனை ‘லாண்ட்மாஸ்டர்’ என்றே அழைத்தனர். ஓராள் பின்னே நடந்து செலுத்தத்தக்கதும், வரம்பைத் தாண்டி இறக்கத்தக்கதும், பெட்டி பூட்டினால் சந்தைக்குச் செல்லத்தக்கதுமான இப்பொறி படிவயலுக்கு இசைந்தது. 1960களின் பிற்பகுதியில் உருளைக்கிழங்கு இறக்குமதி தடைசெய்யப்பட்டதன் பின்னர் வெலிமடை வயல்கள் சிறுபோகத்தில் கிழங்கு விளைநிலங்களாயின. அதனால் ஆண்டு முழுவதும் வேலை கிடைத்தமை சிறு இயந்திரத்துக்கு மேலும் இடமளித்தது.

இனித் தேயிலைத் தோட்டத்துக்கு வருவோம். 1869 ஆம் ஆண்டில் மடுல்சீமையில் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பிப் பயிரை அழித்தபின் ஊவா மலைகள் தேயிலையால் மூடப்பட்டன. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளையின் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். 1924இல் புகையிரதம் பதுளையை அடைந்தது. தொழிற்சாலையினுள்ளே பொறிகளுக்குக் குறைவிருக்கவில்லை. கொழுந்தை உருட்டுவதற்கு உருளைப் பொறி, உலர்த்துவதற்கு ‘சிரோக்கோ’ உலர்த்தி, தரம் பிரிப்பதற்குச் சல்லடைப் பொறி என யாவும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள்ளேயே வந்துவிட்டன. தொழிற்சாலையின் வாசலைத் தாண்டி மலைக்குச் சென்றால் காணப்பட்டவையோ மண்வெட்டி, முள்ளு, கவ்வாத்துக் கத்தி, கூடை என்பனவே. மண்வெட்டி என்னும் நம் சொல்லையே ‘மமட்டி’ எனத் திரித்துத் தம் கணக்கேடுகளில் எழுதிய துரைமார், அதனினும் பெரிய கருவியொன்றை மலைக்குக் கொண்டுவரவில்லை. பின்னாளில் உழவு இயந்திரம் தோட்டத்துக்கு வந்தபோதும் அது உழுவதற்கு வரவில்லை. பெட்டியில் கொழுந்தும் உரமும் விறகும் ஏற்றிக்கொண்டு தோட்டப் பாதையோடு நின்றுவிட்டது.

இதற்குச் சாய்வே காரணம் எனக் கூறுவது வழக்கம். அதில் உண்மையுண்டு. சக்கரங்களின் இடையகலத்துக்கு வெளியே புவியீர்ப்பு மையம் விழுமாயின் இயந்திரம் கவிழும். உயர்ந்த உடலும் ஒடுங்கிய அடியும் கொண்ட உழவு இயந்திரம் குறுக்குச் சாய்வில் விரைவில் அந்நிலையை அடைகிறது. ஏறக்குறைய 15 பாகைக்கு மேற்பட்ட சாய்வில் வழமையான உழவு இயந்திரத்தைச் செலுத்துவது பேராபத்தாகும். கவிழும் இயந்திரத்தின் கீழ் உயிரிழந்தோர் தொகை காரணமாகவே சுவீடன் 1959 ஆம் ஆண்டில் புதிய இயந்திரங்களுக்குப் பாதுகாப்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. மேலும் தேயிலை பல்லாண்டுப் பயிராதலால் அதனை ஆண்டுதோறும் உழவேண்டியதும் இல்லை.

எனினும் சாய்வு மட்டுமே காரணமாயின் யப்பானின் அனுபவத்தை விளக்க முடியாது. அங்கும் தேயிலை பல இடங்களில் குன்றுச்சரிவுகளில் விளைகிறது. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கைக்கத்தரியாலும், 1960கள் முதல் இருவர் தாங்கிச் செல்லும் சிறு பொறியாலும் அங்கு கொழுந்து பறித்தனர். ஊவாவின் தரமான தேயிலைக்கு இரு இலையும் ஒரு மொட்டும் தெரிந்தெடுக்கும் விரல் வேண்டும் என்பது ஏற்கத்தக்கதே. ஆனால் புல் வெட்டுவதற்கும், கான் வெட்டுவதற்கும், உரமூட்டையை மலையுச்சிக்கு ஏற்றுவதற்கும் அத்தகைய விரல் வேண்டியதில்லை. அவ்வேலைகளுக்கு ஏற்ற சிறு பொறியை யாரும் நெடுங்காலம் தேடாமையின் காரணம் வேறு. லயத்தில் குடியிருத்தப்பட்டு, விடியற்காலையில் பிரட்டுக்களத்துக்கு அழைக்கப்பட்டு, குறைந்த நாட்சம்பளத்துக்கு எந்தச் சாய்விலும் ஏறக்கூடிய மனிதர் இருந்தனர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் பின்னர் அவர்களுட் பெரும்பாலோர்க்கு நாடும் இல்லை, வாக்கும் இல்லை. விலை குறைந்த உழைப்பு இருக்குமிடத்தில் பொறியைத் தேடுவார் இல்லை. மலைச்சாய்வுக்குப் பொருத்தமான அளவுடைய பொறியாகத் தோட்ட முறைமை தெரிந்தெடுத்தது தொழிலாளியின் உடலையே.

மண்ணும் அவ்வாறே செலவிடப்பட்டது. புல் பூண்டு அறவே இல்லாதபடி மலையைச் சுரண்டும் முறையினால் மேல்மண் கழுவுண்டு சென்றமையை 1931 ஆம் ஆண்டின் மண்ணரிப்புக் குழு ஆராய்ந்தது. 1951இல் மண் பேணற் சட்டம் இயற்றப்பட்டது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. மலைச்சாய்வு தாங்கக்கூடியது எவ்வளவு என்னும் கேள்வி, தாங்காதபோது அதன் அடியில் குடியிருப்பவர் யார் என்னும் கேள்வியோடு சேர்ந்தே வருவதை அந்நாள் காட்டியது.

லாண்ட்மாஸ்டரை வகுத்தவரே பின்னாளில் இக்கேள்வியை எழுப்பியமை கருதத்தக்கது. எருமை புல்லைத் தின்று எருவைத் தருகிறது, கன்றையும் ஈனுகிறது. இயந்திரமோ இவற்றுள் ஒன்றையும் செய்யாது, விளைச்சலையும் தானாகக் கூட்டாது என விஜேவர்தன உணர்ந்தார். 1970களில் நைஜீரியாவின் இபாதானிலுள்ள வெப்பவலய வேளாண்மை ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய அவர், ஈரவெப்ப நாடுகளின் சாய்நிலத்தை உழாமல், தழையால் மூடி, சமவுயரக் கோட்டில் கிளிசிறிடியா வேலி நட்டுப் பயிரிடும் முறையை வலியுறுத்தினார். பொறியின் அளவைப் பற்றிய தேடல் ஈற்றில் உழவே வேண்டுமா என்னும் வினாவில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது. பன்றி கிளறிய புழுதியில் குறவர் தினை விதைத்ததைப் பாடும் புறநானூற்றுப் புலவர்க்கு இது புதுமையாய்த் தோன்றியிராது. குறிஞ்சி நிலத்தை மருத நிலம்போற் கருதி ஆழ உழலாகாது என்பது பழந்தமிழர் கண்டறிந்ததே.

இன்று ஊவாத் தோட்டங்களின் நிலை மாறிவிட்டது. 1964 ஆம் ஆண்டின் உடன்படிக்கையினால் பெருந்தொகையினர் இந்தியா சென்றனர். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. நாட்சம்பளம் 1000 ரூபாவை எட்டியது 2021இலேயே. இளைஞர் நகரங்களை நாடுகின்றனர். ஆட்பற்றாக்குறை கண்ட நிருவாகங்கள் இப்போது பொறிகளைத் தேடுகின்றன. ஒருபுறம் தொழிலாளர் குடும்பங்களும் சிறு காணித்துண்டுகளில் மரக்கறி பயிரிட முனைகின்றன.

இந்நிலையில் பொறி தெரிவு செய்வோர் மூன்றை அளத்தல் வேண்டும். நிலத்தின் சராசரிச் சாய்வை அன்றி அதன் மிகச் செங்குத்தான இடத்தையும், பாதையின் மிக ஒடுங்கிய திருப்பத்தையும், பொறிக்கு ஆண்டில் உண்மையாக வேலையுள்ள நாட்களையும் அளத்தல் வேண்டும். பாதையில் இழுப்பதற்கு நான்கு சக்கரம். படிவயலுக்கு இரு சக்கரம். மலைச்சாய்வுக்குத் தோளில் சுமக்கத்தக்க சிறு பொறி. அதற்கும் அப்பாற்பட்ட சரிவில் உழாமையே சிறந்த உழவு. இம்மூன்றோடு நான்காவதாக ஒன்றையும் சேர்த்தல் நம் கடமை. அப்பொறியைச் சுமப்பவர் யார், அதனால் மிஞ்சும் பயன் யாரைச் சேரும் என்பதே அது. நூற்றைம்பது ஆண்டுகளாக அளக்கப்படாதிருந்த அளவு அதுவேயாகும்.