ஷூபெர்ட்டின் குளிர்காலப் பயணம்



பனி என்னும் சொல்லைத் தமிழர்களாகிய நாம் மிக எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மார்கழி விடியலில் புல்லின் நுனியில் நிற்கும் துளியும் பனி. இமயத்தின் முடியில் உருகாது கிடப்பதும் பனி. முன்னது வெயில் ஏறுவதற்குள் மறைந்துவிடும். பின்னது மனிதனையே விழுங்கிவிடும். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதால் நமக்கு இழப்பொன்றும் இல்லை என்றே நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தைக் கலைத்தவர் என்னிடம் படித்த மாணவர் ஒருவர்.

1988-ஆம் ஆண்டு. கரிசல் பூமியில் இருந்த ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பித்துக் கொண்டிருந்தேன். மேனாட்டுக் குளிர்காலத்தைப் பற்றிய பாட்டு ஒன்று பாடமாக இருந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "ஐயா, பனிதானே? விடிந்தால் காய்ந்துவிடுமே! அதற்கு ஏன் இவ்வளவு வருத்தப்படுகிறார்கள்?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது, நானும் சிரித்தேன். 'உறைபனி' என்று கரும்பலகையில் எழுதி, பொருளைக் குறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அழைத்துச் செல்லவேண்டும் என்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருந்தார்கள். அன்று நான் யாரையும் எங்கும் அழைத்துச் செல்லவில்லை.

அந்தப் பையன் வளர்ந்து பொறியாளராகி, ஜெர்மனி நாட்டில் வேலை பார்க்கிறார். 2019-ஆம் ஆண்டு தைப் பொங்கலையொட்டி அவரிடமிருந்து ஒரு சிறு பொட்டலம் வந்தது. உள்ளே ஓர் இசைத்தட்டும் ஒரு கடிதமும் இருந்தன. "இங்கே அது காய்வதில்லை, ஐயா. இந்தப் பாட்டுகளைக் கேட்டுப் பாருங்கள்" என்று எழுதியிருந்தார். 'வின்டர்ரைசெ', அதாவது 'குளிர்காலப் பயணம்' என்பது அவ்விசைத்தட்டின் பெயர். இருபத்துநான்கு பாட்டுகள், ஒரு குரல், ஒரு பியானோ. கேட்டு முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆகும். மேனாட்டு இசையில் எனக்குப் பழக்கம் இல்லை. ஜெர்மன் மொழியும் தெரியாது. ஆங்கில மொழிபெயர்ப்பை மடிமேல் வைத்துக்கொண்டு மூன்று இரவுகள் கேட்டேன். பிறகு அப்பாட்டுகளின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அவ்வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பாட்டை எழுதியவர் வில்ஹெல்ம் முல்லர். 1794-இல் ஜெர்மனியின் டெஸ்ஸாவ் நகரில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தார். பத்தொன்பதாம் வயதில், நெப்போலியனை எதிர்த்துப் போரிடப் பிரஷ்யப் படையில் தாமாகவே சேர்ந்தார். பின்னர்ச் சொந்த ஊருக்குத் திரும்பிப் பள்ளி ஆசிரியராகவும், அரண்மனை நூலகராகவும் பணி செய்தார். துருக்கியரை எதிர்த்துக் கிரேக்கர் நடத்திய விடுதலைப் போரைப் போற்றி இவர் பாடிய பாட்டுகளுக்காக மக்கள் இவரைக் 'கிரேக்க முல்லர்' என்றே அழைத்தனர். முல்லர் என்ற பெயர் உங்களுக்கு வேறொருவரை நினைவூட்டலாம். இருக்கு வேதத்தை ஆறு தொகுதிகளாகப் பதிப்பித்த மாக்ஸ் முல்லர் இவருடைய மகனே. தந்தை மறைந்தபோது மகனுக்கு நான்கு வயதுகூட நிரம்பவில்லை.

பாட்டின் கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் இளைஞன் அயலூர் ஒன்றுக்கு வருகிறான். ஒரு பெண்ணை விரும்புகிறான். அவள் தாய் திருமணப் பேச்சுக்கூட எடுக்கிறாள். பிறகு அது கைகூடாமல் போகிறது. காரணம் நமக்குச் சொல்லப்படுவதில்லை. முதல் பாட்டிலேயே அவன் நள்ளிரவில் ஊரைவிட்டுப் புறப்படுகிறான். அவளுடைய உறக்கம் கலையாதபடி கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போகிறான். அதன்பின் நடப்பதெல்லாம் அவன் பனியில் நடப்பதுதான். எங்கே போகிறான் என்பது அவனுக்கும் தெரியாது.

நம் பழந்தமிழரும் பனியையும் பிரிவையும் சேர்த்தே கண்டவர்கள். பிரிவுக்குரிய பாலைத் திணைக்கு வேனிலோடு பின்பனிக் காலத்தையும் உரியதாக்கினார் தொல்காப்பியர். நக்கீரரின் நெடுநல்வாடையில், வாடைக் காற்று வீசும் இரவில் தலைவனைப் பிரிந்து வாடும் அரசியைக் காண்கிறோம். ஆனால் அவள் அரண்மனைக்குள் இருக்கிறாள். தலைவன் வருவான் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. முல்லரின் பயணிக்குக் கூரையும் இல்லை, காத்திருப்பாரும் இல்லை. வாடை துன்பத்தை மிகுவிக்கும். இந்தக் குளிரோ துன்பமாகவே மாறிவிடுகிறது.

பனி இங்கே எத்தனை வேலை செய்கிறது என்று பாருங்கள். அவன் கண்ணீர் கன்னத்திலேயே உறைகிறது. முன்பு துள்ளி ஓடிய ஆறு கட்டியாகி அசையாமல் கிடக்கிறது; அதன் மேல் கூரிய கல்லால் அவளுடைய பெயரையும், அவளைக் கண்ட நாளையும் செதுக்குகிறான். மேலே உறைந்து உள்ளே பொங்கும் அந்த ஆறு தன் நெஞ்சைப் போன்றதோ என்று ஐயுறுகிறான். ஓர் இரவில் வசந்தத்தைக் கனவு காண்கிறான். கோழி கூவ விழித்துப் பார்த்தால் இருளும் குளிரும்தான். சன்னல் கண்ணாடியில் உறைபனி இலைகளைப் போலக் கோலமிட்டிருக்கிறது. இன்னொரு காலையில் அவன் தலைமுடி உறைபனியால் வெளுத்திருக்கிறது. கிழவனாகிவிட்டேன் என்று மகிழ்கிறான்! அது உருகி முடி மீண்டும் கறுத்ததும், இன்னும் எத்தனை காலம் வாழவேண்டுமோ என்று திகைக்கிறான். முதுமையை வரமாகக் கருதிய ஓர் இளைஞனை நான் வேறெங்கும் படித்ததில்லை. அறுபதைக் கடந்த எனக்கு அந்தப் பாட்டைக் கேட்பது கடினமாகவே இருந்தது.

வானத்தில் மூன்று சூரியர்களைக் கண்டதாகவும் ஒரு பாட்டில் அவன் சொல்கிறான். இது பித்தனின் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். கடுங்குளிரில் காற்றில் மிதக்கும் பனிப் படிகங்கள் ஒளியை விலகச் செய்வதால், சூரியனுக்கு இருபுறமும் சுமார் 22 பாகைத் தொலைவில் இரண்டு பொய்ச் சூரியர்கள் தோன்றுவதுண்டு. கவிஞர் கண்ணால் கண்டதையே எழுதியிருக்கக்கூடும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் நீடித்து, 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஓய்ந்த சிறு பனியூழியின் இறுதிக் காலத்தில் வாழ்ந்தவர் அவர். கொடிய குளிர்காலம் அவருக்குப் புத்தகத்தில் படித்த செய்தியன்று.

ஆயினும் இது வானிலையைப் பற்றிய பாட்டு மட்டுமா? ஓரிடத்தில் பயணி ஒரு கிராமத்தின் வழியே இரவில் போகிறான். சங்கிலியில் கட்டிய நாய்கள் குரைக்கின்றன. மக்கள் கட்டிலில் கிடந்து, தமக்கு இல்லாதவற்றையெல்லாம் கனவு காண்கின்றனர். உறங்குவோரிடையே எனக்கு என்ன வேலை என்று அவன் நகர்ந்துவிடுகிறான். இதனைக் காலத்தோடு பொருத்திப் பார்க்கவேண்டும். நெப்போலியன் வீழ்ந்தபின் விடுதலை மலரும் என்று நம்பிப் போரிட்ட இளைஞர்களுக்குக் கிடைத்தது ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்நிஹின் ஆட்சி. 1819-இல் கார்ல்ஸ்பாட் ஆணைகள் வந்தன. நூல்களும் இதழ்களும் தணிக்கைக்கு உள்ளாயின, மாணவர் சங்கங்கள் தடை செய்யப்பட்டன, பேராசிரியர்கள் கண்காணிக்கப்பட்டனர். வெளிப்படையாகப் பேச முடியாத நாட்டில், கவிஞன் குளிரைப் பற்றிப் பேசலாம் அல்லவா? இது வெறும் காதல் தோல்வியே என்பாரும் உளர். நாய்களையும் உறங்கும் ஊரையும் எண்ணும்போது எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

இனி இசையமைத்தவரைப் பற்றிச் சொல்லவேண்டும். பிரான்ஸ் ஷூபெர்ட் 1797-இல் வியன்னாவின் புறநகர் ஒன்றில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். மகனும் ஆசிரியப் பயிற்சி பெற்று, 1814 முதல் தந்தையின் பள்ளியில் சிறு குழந்தைகளுக்கு எழுத்துக் கற்பித்தார். அந்த வேலை அவருக்கு அறவே பிடிக்கவில்லை என்பதை ஓர் ஆசிரியன் என்ற முறையில் வருத்தத்தோடு சொல்லவேண்டியிருக்கிறது. ஆனால் 1815-இல் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகளை அவர் இயற்றியதைப் பார்க்கும்போது, வகுப்பறை அவரை விடுவித்தது நல்லதே என்று தோன்றுகிறது. மெட்டர்நிஹின் குளிரையும் அவர் நேரில் அறிந்தவர். 1820-இல் அவருடைய நண்பரும் கவிஞருமான யோஹான் சென் என்பவரின் அறையைக் காவலர்கள் சோதனையிட்டபோது ஷூபெர்ட்டும் அங்கே இருந்தார். ஷூபெர்ட் எச்சரிக்கையோடு தப்பினார். சென் ஓராண்டுக்கு மேல் சிறையில் கிடந்து, பிறகு வியன்னாவிலிருந்தே வெளியேற்றப்பட்டார்.

1822-ஆம் ஆண்டின் இறுதியில் கொடிய நோய் ஒன்று ஷூபெர்ட்டைப் பற்றியது. அதற்கு அன்று மருந்தில்லை. அந்த உடல்நிலையோடுதான் 1827 பிப்ரவரியில், ஓர் ஆண்டுமலரில் வெளிவந்திருந்த முல்லரின் பன்னிரண்டு பாட்டுகளுக்கு இசையமைத்தார். தொகுதி அவ்வளவே என்று எண்ணி, முடிந்தது என்றும் எழுதிவிட்டார். பிறகுதான் முல்லர் மேலும் பன்னிரண்டு பாட்டுகளைச் சேர்த்து 1824-இல் வெளியிட்ட நூல் அவருக்குக் கிடைத்தது. எஞ்சியவற்றுக்கு 1827 அக்டோபரில் இசையமைக்கத் தொடங்கினார். அதற்குச் சற்றுமுன், செப்டம்பர் இறுதியில், முல்லர் டெஸ்ஸாவில் காலமாகியிருந்தார், வயது முப்பத்திரண்டு. இருவரும் ஒருவரையொருவர் கண்டதே இல்லை.

பாட்டுகள் அரங்கேறிய கதையை அவருடைய நண்பர் ஷ்பவுன் பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். சில காலமாக ஷூபெர்ட் வாட்டமுற்றுக் காணப்பட்டாராம். காரணம் கேட்டதற்கு, விரைவில் நீங்களே அறிவீர்கள் என்றாராம். ஒரு நாள் நண்பர்களை அழைத்து, நடுங்கவைக்கும் பாட்டுகள் சிலவற்றைப் பாடிக் காட்டுகிறேன் என்று சொல்லி, உணர்ச்சி ததும்பும் குரலில் முழுவதையும் பாடினார். அவற்றின் இருண்ட தன்மை கேட்டவர்களைத் திகைக்க வைத்தது. ஒருவரும் புகழவில்லை. 'லிண்டன் மரம்' என்ற ஒரு பாட்டு மட்டுமே பிடித்தது என்றார் ஷோபர் என்னும் நண்பர். அதற்கு ஷூபெர்ட் சினங்கொள்ளவில்லை, தளரவும் இல்லை. மற்றெல்லாப் பாட்டுகளையும்விட இவையே தமக்குப் பிடித்தவை என்றும், அவர்களுக்கும் ஒருநாள் பிடிக்கும் என்றும் மறுமொழி கூறினாராம்.

அந்த ஒருநாளை அவர் காணவில்லை. 1828 நவம்பரில், தமையனார் பெர்டினாண்டின் வீட்டில் நோயாய்ப் படுத்தபடி, இரண்டாம் பகுதியின் அச்சுப் படிகளைத் திருத்திக் கொண்டிருந்தார். அம்மாதம் 19-ஆம் நாள் உயிர் பிரிந்தது, வயது முப்பத்தொன்று. டிசம்பர் இறுதியில் இரண்டாம் பகுதி வெளிவந்தது.

நண்பர்கள் ஒப்புக்கொண்ட அந்த லிண்டன் மரப் பாட்டு, சில்ஹர் என்பவர் எளிமையாக்கி அமைத்த வடிவில் ஜெர்மனி முழுவதும் நாட்டுப் பாடலாகவே பரவிவிட்டது. அப்பாட்டில் மரம் பயணியை அழைத்து, இங்கே உனக்கு அமைதி உண்டு என்கிறது. அது சாவின் அழைப்பு என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் அறிந்தா பாடியிருப்பார்கள்! அறிந்தவர் தாமஸ் மான். 1924-இல் வெளிவந்த 'மாய மலை' என்ற நாவலின் இறுதியில், முதல் உலகப் போர்க்களத்தில் குண்டுகளுக்கிடையே ஓடும் இளைஞனின் வாயில் அந்தப் பாட்டையே வைத்தார்.

இசைத்தட்டுகள் வந்தபின் இப்பயணம் வீடுகளுக்குள் நுழைந்தது. கெர்ஹார்ட் ஹூஷ் என்ற பாடகர் 1933-இல் முழுத் தொகுதியையும் பதிவு செய்தார். அக்காலத் தட்டில் ஒரு பக்கம் நான்கு நிமிடம் அளவே ஓடும். பயணி நடந்துகொண்டிருக்க, கேட்பவர் எழுந்து எழுந்து தட்டைத் திருப்பவேண்டும். ஆண்மகனின் கதை என்று கருதப்பட்ட இதனை லோட்டே லேமன் என்ற பெண்மணி, நாஜிகளின் ஐரோப்பாவைத் துறந்து அமெரிக்காவில் வாழ்ந்தபோது, 1940, 1941 ஆண்டுகளில் முழுவதும் பாடிப் பதிவு செய்தார். என் மாணவர் அனுப்பிய தட்டில் பாடியிருப்பவர் டீட்ரிஹ் பிஷர்-டீஸ்காவ். 2012-இல் மறைந்த இவர், இத்தொகுதியை வாழ்நாளில் பலமுறை பதிவு செய்தவர். 1943 ஜனவரியில், பதினேழு வயதுச் சிறுவனாகப் பெர்லினில் இதனை மேடையில் பாடிக்கொண்டிருந்தபோது வான்படைத் தாக்குதல் தொடங்கியது. பாடகரும் கேட்டவர்களும் நிலவறைக்குள் இறங்கினர். குண்டுவீச்சு ஓய்ந்தபின் மேலேறி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். எழுந்து வீட்டுக்கு ஓடாமல், மிச்சப் பாட்டுகளைக் கேட்க அந்த மக்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்களே, அதை நான் அடிக்கடி எண்ணிப் பார்க்கிறேன்.

என் மாணவருக்குப் பதில் எழுத எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. முப்பத்தோராண்டுக்கு முன் அவர் கேட்ட கேள்விக்குத்தான் முதலில் விடை எழுதினேன். வகுப்போடு சேர்ந்து சிரித்ததற்கு வருத்தமும் தெரிவித்தேன்.

கடைசிப் பாட்டை இப்பேச்சின் முடிவில் ஒலிபரப்ப நிலையத்தார் இசைந்திருக்கிறார்கள். ஊருக்கு வெளியே ஒரு கிழவன், பனிக்கட்டியின் மேல் வெறுங்காலோடு நின்று, கைப்பிடியைச் சுழற்றி வாசிக்கும் ஒரு பழைய தெருவிசைக் கருவியை மீட்டிக்கொண்டிருக்கிறான். அவன் தட்டில் காசு விழவில்லை. கேட்பாரில்லை, நாய்கள் உறுமுகின்றன. பயணி முதன்முறையாக இன்னொரு மனிதனிடம் பேசுகிறான்: உன்னோடு வரட்டுமா, என் பாட்டுக்கு நீ வாசிப்பாயா என்று கேட்கிறான். விடை வருவதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது. மொழி தெரியாவிட்டாலும் பியானோவின் இடக்கையைக் கவனியுங்கள். தொடக்கம் முதல் இறுதிவரை நம் தம்பூராவைப் போல ஒரே சுருதி, மாறாமல் ஒலித்துக்கொண்டிருக்கும்.